மன்றத்தின் வாசலும் பேழையும்: நாஞ்சில் நாட்டு ஊரவைகளின் வரலாறு

மன்றம் என்னும் சொல் தமிழில் இரண்டு இடங்களுக்குப் பொதுவானது. பாட்டும் உரையும் கேட்கக் கூடும் இடம் மன்றம். ஊர்ப்பொதுக் காரியம் பேசக் கூடும் இடமும் மன்றம். கவியரங்கில் பாடலைச் சுவைத்தவர் மறுநாள் குடிநீர்க் குழாய்க்காக நகர்மன்ற வாசலில் நிற்பதும் உண்டு. வள்ளுவர் அவையறிதல், அவையஞ்சாமை என்னும் இரு அதிகாரங்களைப் பொருட்பாலில் வைத்தார். சொல்லுக்கும் ஆட்சிக்கும் அவையே உரைகல் என்பது அவர் வைப்புமுறையால் விளங்கும்.

நாஞ்சில் என்பது கலப்பை. கலப்பையின் பெயரைத் தன் பெயராகக் கொண்ட நாட்டில் அவை கூடிப் பேசிய பொருள் பெரும்பாலும் நீராகவும் வரியாகவும் இருந்ததில் வியப்பில்லை. குளம் உடைந்தால் அடைப்பது யார், பயிர் சாவியானால் இறை கட்டுவது எப்படி, சாலைக்கும் வாய்க்காலுக்கும் பணம் எங்கிருந்து வரும் என்பவை அன்றும் இன்றும் ஊராரின் கேள்விகள். இவற்றுக்கு விடை கண்ட அவைகளின் வரலாற்றை இரண்டு அளவுகோல்களால் அளக்கலாம். ஒன்று, அவையின் வாசல் யாருக்குத் திறந்திருந்தது என்பது. மற்றொன்று, நிதிப் பேழை யார் கையில் இருந்தது என்பது.

மணலிக்கரைக் கல்

பத்மநாபபுரத்துக்கு அண்மையிலுள்ள மணலிக்கரையில் 13ஆம் நூற்றாண்டின் முற்பாதியைச் சேர்ந்த கல்வெட்டு ஒன்று உண்டு. வேணாட்டு மன்னன் வீர இரவி கேரளவர்மன் காலத்தது அது; ஏறத்தாழ 1236ஆம் ஆண்டினது என்பர். 'மனோன்மணீயம்' தந்த பெ. சுந்தரம் பிள்ளை வேணாட்டு மன்னர் வரலாற்றைக் கல்வெட்டுகளிலிருந்து கட்டியெழுப்பியபோது இக்கல்லின் அருமையை உலகறியச் செய்தார். நாடக ஆசிரியராகவே பலரும் அறிந்த அவர், கல்வெட்டாராய்ச்சியிலும் முன்னோடியாவார்.

கல்வெட்டின் செய்தி இதுதான். மன்னனின் அதிகாரிகளும், கோதநல்லூர்ச் சபையாரும், ஊராரும், இறை தண்டும் பொறுப்புடையவரும் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வருகின்றனர். மழை பொய்த்துப் பயிர் அழிந்தால் சபையாரும் ஊராருமே நிலங்களைச் சுற்றிப் பார்த்து, விளைந்தது எது, அழிந்தது எது என்று தீர்மானிக்க வேண்டும். அழிந்த நிலத்துக்கு வழக்கமான இறையில் ஐந்தில் ஒரு பங்கு மட்டுமே கொள்ளப்படும். எல்லா நிலமும் ஒருங்கே அழிந்திருந்தால் பொறுப்பிலுள்ள அதிகாரியிடம் அறிவித்து, அவர் பார்த்தபின் முழு ஊருக்கும் அதே ஐந்தில் ஒரு பங்கு. அதையும் அப்போது கட்ட இயலாதென்று ஊர் ஒருமித்து வேண்டினால், அடுத்த விளைச்சலில் வட்டியின்றிக் கட்டலாம்.

இதனை இங்கிலாந்தின் 1215ஆம் ஆண்டு உரிமைப் பட்டயத்தோடு ஒப்பிட்டுப் புகழ்ந்தோர் உண்டு. புகழ்ச்சியை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் ஒன்று எஞ்சுகிறது. குறையைக் கேட்ட அவையும் கண்ணால் பார்த்த அவையும் பணத்தைக் கணக்கிட்ட அவையும் அங்கே ஒன்றாக இருந்தன. ஆனால் அந்த அவையில் அமர்ந்தவர் நிலத்தில் உரிமை உள்ளவர். சேற்றில் இறங்கி நாற்று நட்டவருக்கு அதில் இடமில்லை. பேழை ஊருக்கு அருகில் இருந்தது. வாசல் குறுகலாக இருந்தது.

தமிழகத்தின் மறுகோடியில், உத்திரமேரூரில், முதற் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுகளின் கல்வெட்டுகள் குடவோலை முறையைச் சொல்கின்றன. ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் எனப் பிரித்து வேலை பார்த்த சபை அது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் வாரியத்துக்கு வர இயலாது என்பது அதன் விதிகளுள் ஒன்று. அங்கும் வாசல் குறுகலே. ஆயினும் பேழையைத் தொட்டவர் கணக்குக் காட்ட வேண்டும் என்பதில் சபை உறுதியாக நின்றது.

கடுக்கரை மலை

பின்வந்த நூற்றாண்டுகளில் நாஞ்சில் நாட்டின் செய்தி ஓலைகளில் கிடைக்கிறது. தேரூரில் 1876இல் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை, அழகியபாண்டியபுரம் முதலியார் குடும்பத்தில் இருந்த ஓலைகளைக் கண்டு படியெடுத்தார். பிற்காலத்தில் ஆய்வாளர் அ.கா. பெருமாள் அவற்றைப் பதிப்பித்தார். குழந்தைகளுக்குப் பாடிய கவிஞரே ஊர்க்கணக்கின் எழுத்தையும் காத்துத் தந்தார் என்பது எண்ணத்தக்கது.

பிடாகைகளாகப் பிரிந்திருந்த நாஞ்சில் நாட்டின் நாட்டார், 18ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் கடும் நெருக்கடியில் இருந்தனர். மதுரை நாயக்கர் படை அறுவடைக் காலத்தில் வந்து கொள்ளையிடும். காக்க வேண்டிய வேணாட்டு அரசோ வரியைக் குறைக்காது. நாட்டார் கூடிப் பழைய வழக்கத்துக்கு மாறான வரியைக் கட்டுவதில்லை என்று தீர்மானித்தனர். ஒரு பகுதிக்கு இடர் வந்தால் மற்றவை துணைநிற்பதென்றும் உறுதி பூண்டனர். அதிகாரிகளின் கொடுமை மிஞ்சிய வேளையில் வீடும் வயலும் துறந்து கடுக்கரை மலைக்குப் போய்விட்டனர். உழுவோர் இல்லாத வயல் அரசுக்கு எதைத் தரும்? மன்னர் இறங்கிவந்து சலுகை தந்து அவர்களைத் திரும்ப அழைக்க வேண்டியதாயிற்று. பேழை தம் கையை விட்டுப் போவதை உணர்ந்த ஓர் அவையின் கடைசிப் படைக்கலம் அது. மார்த்தாண்டவர்மன் ஆட்சிக்குப் பின் திருவிதாங்கூர் மையப்பட்ட அரசாயிற்று. நாட்டுக் கூட்டங்களின் வலிமை ஒடுங்கிற்று.

மனு எழுதிய காலம்

மையப்பட்ட அரசு செய்த பெரும்பணிகளை மறுத்தல் நேர்மையாகாது. கோதையாற்றின் குறுக்கே பொறியாளர் மிஞ்சின் பொறுப்பில் பேச்சிப்பாறை அணை 1906இல் நிறைவுற்றது. தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டங்களின் வயல்கள் அதனால் நீர் பெற்றன. எந்த ஊரவையும் தன் பணத்தால் அவ்வணையைக் கட்டியிருக்க முடியாது. நாகர்கோவிலுக்குக் குடிநீர் தந்த முக்கடல் அணையும் 1945இல் அரசு தந்ததே. பேழை ஊரை விட்டுப் போனதற்கு இத்தகைய நியாயமும் உண்டு.

அதே காலத்தில் அவைகளும் புதுவடிவில் பிறந்தன. 1894ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி திருவிதாங்கூரில் நகர மேம்பாட்டுக் குழு பெற்ற ஐந்து ஊர்களுள் நாகர்கோவிலும் ஒன்று. 1920இல் அது நகராட்சியாயிற்று. 1904இல் தொடங்கிய ஸ்ரீமூலம் பிரஜாசபையில் வட்டங்களின் பிரதிநிதிகள் ஆண்டுதோறும் திவான் முன் தம் பகுதியின் குறைகளை எடுத்துரைத்தனர். சட்டம் இயற்றும் உரிமையோ பணம் ஒதுக்கும் உரிமையோ அவர்களுக்கு இல்லை. சபையார் நிலத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொன்ன நாட்டில், பிரதிநிதி மனுவை வாசித்து விடைக்காகக் காத்திருந்தார்.

எனினும் வாசல் சிறிது சிறிதாகத் திறந்தது. ஊழியம் என்ற பெயரில் கூலியின்றிச் சாலையும் கரையும் போட வைக்கப்பட்ட மக்களின் வழித்தோன்றல்கள் அவைக்குள் வரத் தொடங்கினர். புலையர் தலைவர் அய்யன்காளி பிரஜாசபையில் நிலமும் பள்ளியும் கேட்டுப் பேசினார். அரசின் செலவில் பேணும் தெருவில் ஒரு சாரார் மட்டும் நடக்கக் கூடாது என்பது எவ்வகை நீதி என்ற வினா வைக்கத்தில் 1924இல் எழுந்தது. நாஞ்சில் நாட்டில் அது 1926இல் சுசீந்திரத்துக்கு வந்தது. நாகர்கோவில் மருத்துவர் எம்பெருமாள் நாயுடு முன்னின்ற அச்சத்தியாக்கிரகம் கேட்டது கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடக்கும் உரிமையை. கோயிலுக்குள் செல்லும் உரிமை 1936 நவம்பர் 12ஆம் நாள் பிரகடனத்தால் வந்தது. தெரு பொதுவுடைமை என்பதை நிலைநாட்டாமல் தெருவிளக்குக்குப் பணம் ஒதுக்கிப் பயனில்லை என்பதை அப்போராட்டம் உணர்த்திற்று.

அதே 1926இல் நாஞ்சில்நாட்டு வேளாளர் சட்டம் வந்து மருமக்கள்வழிச் சொத்துரிமையை மாற்றியது. அதற்கு முன்பே கவிமணியின் 'நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்' அவ்வழக்கத்தின் கேடுகளை எள்ளிச் சிரிக்க வைத்திருந்தது. பாட்டு ஊரின் குறையைச் சொல்லிற்று. சட்டம் செய்யும் அவை அதனைத் தீர்த்தது. இரு மன்றங்களும் ஒன்றுக்கொன்று செவி கொடுத்த நாள் அது.

இணைந்த பின்

1956 நவம்பர் 1ஆம் நாள் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் தமிழகத்தோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. சிற்றூர்களும் செறிந்து வாழும் இம்மாவட்டத்தில் இன்று ஏறத்தாழ 50 பேரூராட்சிகள் உள்ளன. ஓலைகள் கிடைத்த அழகியபாண்டியபுரமும், கவிமணி பிறந்த தேரூரும், சத்தியாக்கிரகம் நடந்த சுசீந்திரமும் பேரூராட்சிகள். மணலிக்கரைக் கல் பேசும் கோதநல்லூரும் பேரூராட்சியே.

அரசியலமைப்பின் 73, 74ஆம் திருத்தங்கள் 1993இல் நடைமுறைக்கு வந்தன. ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தலும், பட்டியல் இனத்தாருக்கு மக்கள்தொகை அளவிலும் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமலும் இடங்களும், மாநில நிதி ஆணையமும் அவற்றால் கட்டாயமாயின. தமிழ்நாடு பின்னர்ப் பெண்களின் பங்கைப் பாதியாக உயர்த்தியது. மணலிக்கரைச் சபையில் நுழைய முடியாதவர் இன்று அவையின் தலைமையில் அமரலாம். எட்டு நூற்றாண்டுகளில் கிடைத்த மிகப் பெரிய வெற்றி இது.

பேழையின் கதை வேறு. மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் பத்தில் ஒரு பங்கு அளவு உள்ளாட்சிகளுக்கு வந்தாலும், பெரும்பணிகள் மேலிருந்து வரும் திட்டங்களின் பெயரிலேயே நடக்கின்றன. 15ஆவது நிதிக்குழு 2021–26 காலத்துக்கு வழங்கிய மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் துப்புரவுக்கும் எனக் கட்டப்பட்டது. நல்ல நோக்கமே; ஆயினும் இடிந்த பாலம் முதலா, சாக்கடை முதலா என்று ஊர் தீர்மானிக்கும் எல்லை அவ்வளவுக்குச் சுருங்குகிறது. எல்லைக்கு அப்பால் நிலை சற்று வேறு. 1956 வரை ஒரே அரசின் கீழ் இருந்த பாறசாலை போன்ற ஊர்கள் கேரளத்தில் நின்றன. 1996இல் அங்கே தொடங்கிய மக்கள் திட்டம், மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காட்டை உள்ளாட்சிகளிடம் ஒப்படைத்தது. களியக்காவிளைக்கு இந்தப்புறமும் அந்தப்புறமும் மண் ஒன்றே. பேழையின் தூரம் வேறு.

2016 அக்டோபரில் தமிழக உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது, தேர்தல் நடக்கவில்லை. தனி அலுவலர்கள் பொறுப்பேற்றனர். ஊரகத்தில் 2019 இறுதி வரையும், நகர்ப்புறத்தில் 2022 பிப்ரவரி 19 வரையும் தேர்தல் இல்லை. அந்த வெற்றிடத்தில்தான் 2017 நவம்பர் 30ஆம் நாள் ஒக்கிப் புயல் குமரியைத் தாக்கியது. வாழையும் ரப்பரும் முறிந்தன. மின்கம்பங்கள் சாய்ந்து ஊர்கள் இருளில் கிடந்தன. கடலுக்குப் போன மீனவர் பலர் திரும்பவில்லை. பயிர் அழிந்தால் சபையாரும் ஊராரும் நிலத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று கல்லில் எழுதிய மாவட்டத்தில், அழிவைப் பார்த்துச் சொல்லத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊரவை ஒன்றுகூட அன்று இல்லை. அலுவலர்கள் உழைத்தனர் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அவர்கள் பதில் சொல்ல வேண்டிய இடம் மேலே இருந்தது; ஊரில் இல்லை.

2022இல் அவைகள் மீண்டும் கூடின. 2019இல் மாநகராட்சியாகிவிட்ட நாகர்கோவில், 52 வட்டங்களுக்குத் தன் முதல் மாமன்றத்தைத் தேர்ந்தெடுத்தது. பொறுப்பேற்றவர்கள் முன் ஒரு மாதத்துக்குள் வந்த பெரும்பொருள் சொத்துவரி உயர்வு. சென்னைக்கு வெளியே வீடுகளுக்கு 25 முதல் 100 விழுக்காடு வரை என்ற விகிதத்தை மாநில அரசு வகுத்தது. மன்றங்கள் தீர்மானம் நிறைவேற்ற வேண்டியிருந்தது. பல்லாண்டு உயராத வரியை உயர்த்துவதில் தவறில்லை என்று வாதிடலாம். எந்தத் தெருவுக்கு எவ்வளவு என்று பார்த்துச் சொல்லும் கண் அவையின் கண்ணாக இருந்ததா என்பதே வினா.

கேள்வியும் கணக்கும்

சாக்கடை அடைத்தால் திங்கட்கிழமை மாவட்ட ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளுக்கு மனுவோடு பேருந்து ஏறுவது இன்றைய வழக்கம். அது ஆட்சியரின் பரிவைக் காட்டலாம். தம் தெருவின் மன்றத்தை மக்கள் எந்த அளவுக்கு நம்புகின்றனர் என்பதையும் காட்டும். கையில் பணமில்லாத அவையிடம் முறையிடுவது வீண் என்று மக்கள் கற்றுக்கொண்டால், வாசல் எவ்வளவு அகலமாக இருந்தும் உள்ளே வருவோர் குறைவர்.

2022 நவம்பர் 1 அன்று, உள்ளாட்சி நாளில், தமிழக நகரங்களில் முதன்முறையாகப் பகுதி சபைகள் கூடின. குமரி மாவட்டத்துக்கு அது இணைப்பு நாளும் ஆகும். ஒரு தெருவின் மக்கள் அமர்ந்து தம் குறையைத் தாமே வரிசைப்படுத்த வழி திறந்தது நல்ல தொடக்கம். அந்த வரிசைக்கு ஏற்பச் செலவு செய்ய ஒரு தொகையும், செலவானபின் அதே சபையில் படித்துக் காட்டக் கணக்கும் இருந்தால்தான் அது முழுமை பெறும். மணலிக்கரை பார்வையை ஊரிடம் கொடுத்தது. உத்திரமேரூர் கணக்கைக் கேட்டது. சுசீந்திரம் தெருவைத் திறந்தது. இம்மூன்றும் ஒரே அவையில் ஒருசேர வாய்த்த காலம் நாஞ்சில் நாட்டின் வரலாற்றில் இதுவரை இல்லை. கோதநல்லூரில் இன்று கூடும் மன்றம் அதற்குத் தகுதியற்றது என்று சொல்ல எந்தக் கல்வெட்டும் இல்லை.