ஒரே கூரையின் கீழ்: பங்காருபேட்டையில் வீட்டுத் தொழிலும் வளர்ப்பு உயிர்களும்

பங்காருபேட்டை, கோலார் தங்கவயல் வட்டாரத்தில் வீடு வேறு, வேலையிடம் வேறு என்றிருந்த காலம் ஏறக்குறைய 120 ஆண்டுகள்தான். லண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் 1880-இல் சுரங்கப் பொறுப்பை ஏற்றபோது அது தொடங்கியது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டதோடு அதன் பிடி தளர்ந்தது. அதற்கு முன்பும், சுரங்க வேலியைத் தாண்டி எப்போதும், இந்தப் பக்கத்துக் குடும்பங்களுக்குப் பிழைப்பு வீட்டுக்குள்தான் நடந்தது. மாடும் கோழியும் பூனையும் பட்டுப்புழுவும் அந்த வீட்டில் ஆட்களோடு ஆட்களாக இருந்தன. 2020 கொரோனா ஊரடங்கில் வீட்டிலிருந்தே வேலை பார்த்தபோது மடிக்கணினியின் மேல் ஏறி உட்கார்ந்த பூனையைப் பற்றி எல்லோரும் வியந்து பேசினார்கள். வீட்டுக்குப் புதிதாக வந்திருந்தது மடிக்கணினிதான். பூனை பழைய குடித்தனக்காரர்.

ஊர் ரயிலோடு வளர்ந்தது. ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூர் கன்டோன்மென்ட் வரை 1864-இல் பாதை திறந்தது. அந்தப் பாதையில் எழுந்த ஊருக்கு, 1862 முதல் 1870 வரை மைசூர் கமிஷனராக இருந்த லெவின் பெந்தம் போரிங்கின் பெயரால் போரிங்பேட்டை என்று பெயர் வழங்கியது. பிறகு அது பங்காருபேட்டை ஆனது. பங்காரு தெலுங்கில் பொன். வெள்ளைக்காரர் பெயரைக் களைந்து ஊர் தங்கத்தை எடுத்துக்கொண்டது பொருத்தமாகத்தான் இருக்கிறது, ஏனென்றால் 1894-இல் இங்கிருந்துதான் சுமார் 16 கிலோமீட்டர் நீளக் கிளைப்பாதை தங்கவயலுக்குப் போனது. 1913-இல் கோலாருக்கும் ஒரு குறுகிய அகல ரயில்பாதை போடப்பட்டது.

ரயிலுக்கு முந்திய குடியானவர் வீட்டில் மாட்டுக்கும் மனிதருக்கும் கூரை ஒன்றே. தனிக் கொட்டகை போட வசதியில்லாத வீட்டில் வாசலை ஒட்டிய முன்பகுதி மாட்டுக்கு. ஆட்கள் படுக்கும் தரை அதைவிடச் சற்று உயரமாக இருக்கும். உழவு மாடு குடும்பத்தின் முதல் சொத்து. திருட்டுக்கும் சிறுத்தைக்கும் பயந்து அதை வெளியே கட்டமாட்டார்கள். சாணமும் கோமியமும் வீணாகாமல் எருக்குழிக்குப் போயின. கேழ்வரகு அரைப்பது, கயிறு திரிப்பது, கலப்பை செதுக்குவது எல்லாம் மாட்டின் மூச்சுச் சத்தத்துக்குப் பக்கத்திலேயே நடந்தன. சுகாதார அதிகாரிகளுக்கு இந்த ஏற்பாடு பிடிக்கவில்லை. மாட்டை வீட்டை விட்டு வெளியேற்றுங்கள் என்று பல தலைமுறைகளாகச் சொல்லிவந்தார்கள். மாட்டைத் திருடு கொடுத்தவனுக்கு இழப்பீடு தரும் ஏற்பாடு எதுவும் அந்த அறிவுரையோடு சேர்ந்து வரவில்லை.

‘செல்லப்பிராணி’ என்ற சொல் இந்த உலகத்துக்கு ஒட்டாது. பேச்சில் இன்றும் ‘நாய் வளர்க்கிறார்கள்’, ‘கோழி வளர்க்கிறார்கள்’ என்பதுதான் வழக்கு. பிள்ளை வளர்ப்பதற்கும் அதே வினைதான், புழு வளர்ப்பதற்கும் அதேதான்.

வீட்டையே தொழிலிடமாக்கி, அதிலும் உயிருள்ள ஒன்றின் நேரப்படி மனிதர் நடக்கவேண்டிய தொழில் பட்டுப்புழு வளர்ப்பு. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் திப்பு சுல்தான் மைசூர் நாட்டில் இதை வேரூன்றச் செய்தார். கோலார்ச் சீமை அதன் முக்கியக் களங்களில் ஒன்றாயிற்று. 2007-இல் சிக்கபள்ளாப்பூர் தனி மாவட்டமாகப் பிரியும்வரை, பெரிய பட்டுக்கூட்டுச் சந்தையான சிட்லகட்டாவும் கோலார் மாவட்டத்தில்தான் இருந்தது. இந்த மாவட்டத்தைப் பற்றிப் பட்டு, பால், பொன் என்று மூன்றையும் சேர்த்துச் சொல்வதுண்டு. பொன் ஒன்றுதான் வீட்டுக்கு வெளியே விளைந்தது.

ஒரு தாய்ப்பூச்சி இடும் முட்டைத் தொகுதியில் 400 முதல் 500 முட்டைகள் இருக்கும். நூறு தொகுதி வாங்கிய குடும்பத்தின் வீட்டில் சில நாட்களில் நாற்பதாயிரம் வாய்கள் திறந்துவிடும். பொரித்ததிலிருந்து கூடு கட்டும்வரை ஏறக்குறைய 25 நாட்கள். அதற்குள் புழு நான்கு முறை தோலுரிக்கிறது. தோலுரிக்கும்போது தீனி நிறுத்தி அமைதியாக விடவேண்டும், எழுந்ததும் உடனே தழை போடவேண்டும். மொத்தத் தழையில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் கடைசிப் பருவத்தில் மட்டும் தீரும். அந்த ஒரு வாரம் வீட்டில் யாரும் முழு இரவு தூங்குவதில்லை. மல்பெரித் தழை நறுக்குவதும் தட்டுக்கு இடுவதும் கழிவு நீக்குவதும் பெரும்பாலும் பெண்களின் கையில். சமையல், பிள்ளை, புழு என்று மூன்றையும் ஒரே கூடத்தில் பார்த்தார்கள். அதை யாரும் வேலை என்று கணக்கில் எழுதியதில்லை, கூடு விற்ற பணம் மட்டும் கணக்கில் ஏறியது.

புழு இருக்கும் வீட்டில் மற்ற உயிர்களுக்குச் சட்டம் கடுமை. எறும்பு ஏறாதபடி தட்டு அடுக்கும் தாங்கியின் கால்கள் தண்ணீர்க் கிண்ணத்தில் நிற்கும். எலி, அணில், பல்லி, பறவை எல்லாமே புழுவைத் தின்னும். ஆகவே பூனை தேவை. ஆனால் தட்டின் வெதுவெதுப்பான ஓரத்தில் பூனையே படுத்துக்கொண்டால் என்ன செய்வது என்பது தனிச் சிக்கல். கோழியை உள்ளே விடுவது கையில் இருக்கும் காசைக் கொத்தவிடுவதற்குச் சமம். மனிதருக்கும் கட்டுப்பாடு உண்டு: கை கால் கழுவாமல் உள்ளே வரக்கூடாது, புகையிலை தொட்ட கையால் தழையைத் தொடக்கூடாது. நிக்கோடின் சிறிதளவு பட்டாலும் புழு சுருண்டுவிடும். வீட்டுத் தலைவர் பீடியைத் திண்ணைக்கு எடுத்துப்போனதற்குக் காரணம் வைத்தியர் அல்ல, புழுதான்.

இத்தனை கவனத்துக்குப் பிறகும் நோய் வந்தால் எல்லாம் போய்விடும். பெப்ரின் என்னும் நோய் முட்டை வழியாகவே அடுத்த தலைமுறைக்குப் போவதை 1860-களில் பிரான்சில் லூயி பாஸ்டர் ஆராய்ந்து, தாய்ப்பூச்சியை நுண்ணோக்கியில் பார்த்து நல்ல முட்டையைப் பிரிக்கும் முறையைக் கொடுத்தார். ஐரோப்பாவின் பட்டைக் காப்பாற்றிய அந்த முறைதான் இங்கும் முட்டை உற்பத்தியின் அடிப்படையாயிற்று. 1896-இல் ஜம்சேட்ஜி டாடா பெங்களூரில் ஜப்பானிய முறையில் ஒரு பட்டுப் பண்ணை அமைத்தார். அதன்பின் பட்டு வளர்ப்பு பரம்பரைக் கைப்பழக்கத்தோடு பயிற்சியும் கேட்கும் தொழிலாக மாறத் தொடங்கியது.

தங்கச் சுரங்கம் இந்த உலகத்தின் நடுவே வேறொரு நேரத்தைக் கொண்டுவந்தது. வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து வந்த தொழிலாளரில் பெரும்பகுதி தமிழர், அவர்களிலும் நிலமற்ற தலித் குடும்பங்கள் ஏராளம். 1901 கணக்கெடுப்பில் தங்கவயலில் 38,000 பேருக்கு மேல் இருந்தார்கள். மூன்று ஷிப்டுக்கும் சங்கு ஊதியது. சங்குக்கு முன் வீடு, சங்குக்குப் பின் கம்பெனி. மூங்கில் தட்டியால் கட்டிய குடிசைகளும் பின்னர் வரிசையாக எழுந்த லைன் வீடுகளும் தொழிலாளிக்குத் தூங்கும் இடம், அவ்வளவே.

அப்படித்தான் கம்பெனி நினைத்தது. லைன்களில் குடியேறியவர்களோ கிராமத்தைக் கையோடு கொண்டுவந்திருந்தார்கள். வாசலில் ஆடு, பஞ்சாரத்துக்குள் கோழி, முடிந்தவர்களிடம் ஒரு கறவை மாடு. சுரங்கக் கூலி போதாத மாதத்தில் பாலும் முட்டையும் விற்ற காசு அடுப்பை எரித்தது. ஆண் பூமிக்கு அடியில் செய்தது வேலையாகவும், பெண் அதே ஒற்றை அறையில் ஆட்டோடும் கோழியோடும் செய்தது வீட்டுக் காரியமாகவும் பதிவாயின. இரவு ஷிப்ட் முடித்துப் பகலில் தூங்க வந்தவருக்குத்தான் பெரும்பாடு. முட்டையிட்ட கோழி கேறும், குழந்தை அழும், நாய் குரைக்கும். வீட்டில் ஒருவருக்கு அமைதி தேவைப்படும் நேரமும் மற்ற உயிர்களின் நேரமும் முட்டிக்கொள்வது மடிக்கணினி காலத்துக்கே உரிய தொல்லை என்று சொல்வதற்கில்லை.

சுரங்கமும் விலங்கும் என்றதும் நிலக்கரிச் சுரங்கத்துக் கூண்டுப் பறவை நினைவுக்கு வரலாம். நச்சு வாயுவை அறியக் கானரிக் குருவியைப் பயன்படுத்தும் யோசனை விஞ்ஞானி ஜே. எஸ். ஹால்டேனுடையது. பிரிட்டனில் அது 1986 வரை நீடித்தது. தங்கவயலிலோ, மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போன சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் பெரிய ஆபத்து பாறை வெடிப்பு. அதை முன்கூட்டிச் சொல்ல எந்தக் குருவியாலும் முடியாது.

லைன் வீடுகளில் பூனையின் மதிப்பைக் கூட்டியது பிளேக். 1898 ஆகஸ்டில் பெங்களூரை எட்டிய நோய் ரயில் பாதையோரத்து ஊர்களை அச்சுறுத்தியது, தங்கவயலையும் தொட்டது. அதே ஆண்டு கராச்சியில் பால்-லூயி சிமோன் எலித்தெள்ளுதான் நோயைக் கடத்துகிறது என்று காட்டினார். ஆனாலும் அதிகாரிகள் அதை ஏற்கப் பல ஆண்டுகள் ஆயின. அதுவரை குடிசைகள் கொளுத்தப்பட்டன, வீட்டுச் சாமான்கள் வெயிலில் வீசப்பட்டன. எலிதான் குற்றவாளி என்று உறுதியான பிறகு, அமராவதியில் பணியாற்றிய ராணுவ மருத்துவர் ஆண்ட்ரூ புக்கானன், பூனை நிறைய உள்ள ஊர்களில் பிளேக் குறைவு என்று வாதிட்டு, 1908-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார். குதிரில் தானியம் வைத்திருந்த எந்தப் பாட்டிக்கும் இதற்கு மருத்துவ இதழ் தேவைப்பட்டிருக்காது. லண்டன் அஞ்சல் துறையும் இதைத் தாமதமாகத்தான் உணர்ந்தது: மணியார்டர்களை எலி கடித்ததால் 1868-இல் மூன்று பூனைகளை வாரம் ஒரு ஷில்லிங் படியில் அலுவலகப் பணிக்கு அமர்த்தியது.

மேட்டுப் பக்கத்தில் கம்பெனி அதிகாரிகளின் பங்களாக்களில் கதை வேறு. அங்கே நாய்க்குத் தனி ஆள், தனித் தட்டு. மானேஜர் வீட்டிலேயே கோப்பு பார்க்கலாம், நாய் காலடியில் படுத்திருக்கலாம். யாரும் அதை அசுத்தம் என்று குறித்துவைக்கமாட்டார்கள். அதே சுகாதாரக் கண் லைன் வீட்டுக் கோழியை மட்டும் பார்த்தது. வெறிநாய்க்கடி ஒன்றுதான் இரு பக்கத்துக்கும் பொது. 1900-இல் கசௌலியில் பாஸ்டர் நிலையம் திறந்தபின் தென்னிந்தியாவில் கடிபட்டவர் சிகிச்சைக்கு இமயமலை அடிவாரம்வரை ரயிலேற வேண்டியிருந்தது. 1907-இல் குன்னூரில் நிலையம் வந்தபிறகே பயணம் குறுகியது.

சுரங்கத்தை 1956-இல் மைசூர் அரசும் 1962-இல் மத்திய அரசும் ஏற்றன. 1964-இல் உருவான, மண்வாரி எந்திரங்கள் செய்யும் பெமல் நிறுவனத்தின் தொழிற்சாலையும் வந்தது. ஆனாலும் தங்கம் சுருங்கிக்கொண்டே போனது. 2001-க்குப் பிறகு தங்கவயலின் பிழைப்பு ரயிலில் ஏறியது. தங்கவயல் கிளைப்பாதை முடியும் மாரிக்குப்பத்திலும் பங்காருபேட்டையிலும் விடியுமுன் வண்டி பிடித்து பெங்களூருக்குப் போய், இருட்டியபின் திரும்பும் ஆயிரக்கணக்கானோரின் நாளை ரயில்வே கால அட்டவணை நடத்தியது, முன்பு சங்கு நடத்தியதைப் போல. வீட்டு நாய் அவர்களைப் பார்த்தது விளக்கு வெளிச்சத்தில்தான்.

இதே தலைமுறையில் புழு வீட்டை விட்டு வெளியேறிக்கொண்டிருந்தது. 1980-இல் கர்நாடகத்துக்குள் நுழைந்த ஊசி ஈ, புழுவின் உடம்பில் முட்டையிட்டு அதைக் கொன்றது. சன்னலுக்கும் கதவுக்கும் நைலான் வலை கட்டாமல் தொழில் செய்ய முடியவில்லை. வலைக்குள் ஒரு குடும்பம் சமைத்து, தூங்கி, விருந்தாளியை வரவேற்று வாழ்வது நடக்காத காரியம். உலக வங்கி உதவியோடு 1980-களில் நடந்த பட்டு வளர்ச்சித் திட்டமும் அதன்பின் வந்த மானியங்களும் தோட்டத்தருகே தனி வளர்ப்பு மனை கட்டத் தூண்டின. தழையை நறுக்காமல் கிளையோடு போடும் முறையும் பெரிய தனி இடத்தைக் கேட்டது. கலப்பின மாடு வந்து, பால் கூட்டுறவுச் சங்கங்கள் பெருகியபோது மாட்டுக்கும் தனிக் கொட்டகை எழுந்தது. அதிகாரிகள் நூறாண்டு சொல்லியும் நடக்காததை ஈயும் பால் பணமும் நடத்தின.

வீடு இப்படிக் காலியாகிக்கொண்டிருந்த நேரத்தில் அலுவலகம் உள்ளே வந்தது. வீட்டிலிருந்து வேலை செய்வதற்கு இந்தியாவில் நெடுங்காலம் தடையாக இருந்தவற்றில் தொலைத்தொடர்பு விதிகளும் உண்டு: கால் சென்டர் போன்ற சேவை நிறுவனங்கள் ஊழியரை வீட்டில் உட்காரவைக்கத் தனி அனுமதியும் காப்புத்தொகையும் தேவைப்பட்டன. 2020 மார்ச்சில் அந்த விதி தளர்ந்தது. அதே ஆண்டு நவம்பர் 5 அன்று வந்த புதிய நெறிமுறை பதிவையும் உத்தரவாதத் தொகையையும் நீக்கியது. மார்ச் 25-இல் நாடு முழுதும் ஊரடங்கு தொடங்குமுன்பே பயணிகள் ரயில்கள் நின்றுவிட்டிருந்தன. பெங்களூர் நிறுவனங்களில் கணினி முன் வேலை பார்த்த தங்கவயல் இளைஞர்கள் லைன் வீட்டின் ஒற்றை அறையிலோ ராபர்ட்சன்பேட்டை மாடியறையிலோ மடிக்கணினியைத் திறந்தார்கள்.

பழைய சிக்கல்கள் அப்படியே திரும்பின. பாட்டியின் கோழியும் பக்கத்து வீட்டுச் சேவலும் கூட்டத்துக்கு நடுவே குரல் கொடுத்தன. சுவரைப் பின்னணியாக வைத்து உட்கார்ந்தவரின் தோளுக்கு மேல் பூனை நடந்தது. நாயைப் பொறுத்தவரை, பகலெல்லாம் வீட்டில் இருக்கும் ஆள் வேலையில் இருப்பதாக அதற்குத் தெரிய வழியில்லை. கதவுள்ள தனியறை இருந்தவர் கதவைச் சாத்தினார். இல்லாதவர் விலங்குகள் அடங்கும் நேரத்தைப் பார்த்துப் பேச்சு வேலையை வைத்துக்கொண்டார், அதாவது பட்டுக்காரக் குடும்பம் செய்ததைச் செய்தார். கொரோனாத் தொற்று விலங்கு மூலம் வரும் என்ற வதந்தியில் சிலர் நாய் பூனைகளைத் தெருவில் விட்டார்கள். ருக்மிணி தேவி அருண்டேல் முதல் தலைவராக இருந்த இந்திய விலங்குகள் நல வாரியம், அப்படிக் கைவிடக்கூடாது என்றும் தெரு விலங்குகளுக்குத் தீனி கிடைக்க வழிசெய்யவேண்டும் என்றும் மாநிலங்களுக்கு எழுதியது.

ரயில்கள் படிப்படியாக மீண்டும் ஓடத் தொடங்கின. பல நிறுவனங்கள் வாரத்தில் சில நாள் அலுவலகம், சில நாள் வீடு என்ற முறைக்கு வந்தன. இன்று பங்காருபேட்டை நடைமேடையில் விடியலில் நிற்கும் கூட்டத்தில் தினமும் போகிறவரும் உண்டு, வாரத்தில் இரண்டு மூன்று நாள் மட்டும் போகிறவரும் உண்டு. ஊருக்கு வெளியே மல்பெரித் தோட்டத்து வளர்ப்பு மனையின் வலைக் கதவு சாத்தியிருக்கும், வாசலில் கால் நனைக்கக் கிருமிநாசினி தெளித்த சாக்கு கிடக்கும்.