நுங்கு வண்டி முதல் நிலா வண்டி வரை

முக்காலி ஆடுவதில்லை, நாற்காலிதான் ஆடுகிறது. மேடும் பள்ளமுமான மண் தரையில் இரண்டையும் போட்டுப் பார்த்தால் இது விளங்கும். காரணம் எளியது. எந்த மூன்று புள்ளிகளை எடுத்துக்கொண்டாலும் அவற்றின் வழியே ஒரு சமதளம் செல்லும். நான்காவது புள்ளியும் அதே தளத்தில் அமைய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆகவே முக்காலியின் மூன்று கால்களும் எப்போதும் தரையில் ஊன்றி நிற்கின்றன. நாற்காலியின் நான்காவது கால் சில வேளை அந்தரத்தில் தொங்குகிறது.

நாற்காலி ஆடினால் நமக்குச் சிறு தொல்லை. ஆனால் சாலையில்லாத நிலத்தில் ஓடும் வண்டி ஆடினால், அது அங்கேயே நின்றுவிடும். தொங்குகின்ற சக்கரம் வெறுமனே சுழலும். தரையில் உள்ள சக்கரத்துக்கு இழுக்கும் வலு கிடைக்காது. எல்லாச் சக்கரங்களும் எந்நேரமும் தரையைத் தொட்டுக்கொண்டிருக்க என்ன செய்வது? மேடுபள்ள வண்டிகளின் வரலாறு பெரும்பாலும் இந்த ஒரு கேள்விக்கு விடை தேடிய வரலாறே. அவ்விடை தேடலில் விளையாட்டுப் பொம்மைகளுக்கும் ஒரு பங்கு உண்டு என்பது பலர் அறியாத செய்தி.

நாஞ்சில் நாட்டு வண்டிகள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் பனை மிகுந்த ஊர்களில் சிறுவர்கள் நுங்கு வண்டி ஓட்டுவதைக் காணலாம். நுங்கு எடுத்த இரண்டு பனங்காய்க் கூடுகள் சக்கரங்கள். அவற்றை இணைக்கும் குச்சி அச்சு. அந்த அச்சை முன்னே தள்ளுவதற்கு ஒரு கவைக் கம்பு. கல்லிலும் மணலிலும் வரப்பிலும் அது தடையின்றி ஓடும். இரண்டு சக்கரங்களும் சிறுவனின் கையும் சேர்ந்தால் மூன்று ஊன்றுபுள்ளிகள். ஆக, நுங்கு வண்டி ஒரு முக்காலி! மாட்டு வண்டியும் அப்படியே. இரண்டு சக்கரங்கள், மூன்றாவது ஊன்றுகோல் மாடுகளின் கழுத்திலுள்ள நுகம்.

நான்கு சக்கரம் வந்தபோதுதான் தொல்லையும் வந்தது. நாஞ்சில் நாட்டு வயல்களில் உழும் டிராக்டரின் முன்பக்கம் குனிந்து பாருங்கள். முன் அச்சு முழுவதும் நடுவே ஒரே முளையில் மாட்டப்பட்டு, துலாக்கோல் போல இருபுறமும் சாய்ந்தாடும். இடப்புறச் சக்கரம் வரப்பில் ஏறினால் வலப்புறச் சக்கரம் தானே தாழ்ந்துகொள்ளும். முன் சக்கரங்கள் இரண்டும் உடலைத் தாங்குவது அந்த நடு முளை என்ற ஒரே புள்ளியில். பின் சக்கரங்கள் இரண்டு, முன் முளை ஒன்று: மீண்டும் மூன்று புள்ளிகள்! நாற்காலியை முக்காலியாக்கிய தந்திரம் இது.

ஜீப் வேறு வழியைக் கையாண்டது. 1940இல் அமெரிக்க ராணுவம் கேட்டதன்பேரில் பாண்டம் என்ற சிறு நிறுவனம் அதன் முதல் மாதிரியை உருவாக்கியது. அதை வரைந்தவர் கார்ல் பிராப்ஸ்ட் என்ற பொறியாளர். பிறகு வில்லிஸ், ஃபோர்டு நிறுவனங்கள் லட்சக்கணக்கில் அதைச் செய்தன. நான்கு சக்கரங்களுக்கும் எஞ்சின் வலு செல்லும். வளைந்து கொடுக்கும் ஸ்பிரிங் பட்டைகள் ஓரளவு மேடுபள்ளத்தை ஏற்கும். 1940களின் இறுதியில் மகிந்திரா நிறுவனத்தார் இதைப் பம்பாயில் பூட்டத் தொடங்கினர். கீரிப்பாறை, மணலோடை, கோதையாறு போன்ற ரப்பர்த் தோட்டப் பகுதிகளின் செம்மண் ஏற்றங்களுக்கு ஏற்றது இவ்வகை வண்டியே. ஆனால் ஸ்பிரிங் வளைவதற்கும் எல்லை உண்டு. பெரிய பாறை குறுக்கிட்டால் ஜீப்பும் ஒரு காலைத் தூக்கிவிடும்.

குமிழும் குழலும்

டென்மார்க் நாட்டில் பில்லுண்டு என்ற சிற்றூர். அங்கு ஓலே கிர்க் கிறிஸ்டியன்சன் என்ற தச்சர் 1932இல் மரப் பொம்மைகள் செய்யத் தொடங்கினார். 1934இல் தம் தொழிலுக்கு ‘லெகோ’ என்று பெயரிட்டார். ‘நன்றாக விளையாடு’ என்று பொருள்படும் டேனிஷ் சொற்களின் சுருக்கம் அது. பிரிட்டனில் ஹிலாரி ஃபிஷர் பேஜ் என்பவர் உருவாக்கிய ‘கிட்டிகிராஃப்ட்’ கட்டைகளைப் பின்பற்றி, 1949இல் இந்நிறுவனமும் பிளாஸ்டிக் கட்டைகளை வெளியிட்டது. அவை ஒன்றின்மேல் ஒன்று அமர்ந்தன. ஆனால் இறுகப் பிடிக்கவில்லை.

ஓலேயின் மகன் காட்ஃபிரெட் 1958 ஜனவரி 28 அன்று பதிவு செய்த காப்புரிமை இக்குறையைத் தீர்த்தது. கட்டையின் மேலே குமிழ்கள். உள்ளே வெற்றுக் குழல்கள். மேல் கட்டையின் குழலும் சுவரும் கீழ்க் கட்டையின் குமிழை மூன்று இடங்களில் கவ்விக்கொள்ளும். இங்கும் மூன்று புள்ளிகள்! அன்று செய்த கட்டை இன்று செய்த கட்டையோடும் பொருந்துகிறது. அச்சு வார்ப்பில் மயிரிழையின் பருமனைவிடக் குறைந்த பிழையையே அனுமதிப்பதுதான் இதற்குக் காரணம்.

1962இல் கட்டைகளுக்குச் சக்கரம் கிடைத்தது. இன்று அந்நிறுவனம் ஆண்டுக்கு 30 கோடிக்கும் மேற்பட்ட குட்டி டயர்களைச் செய்கிறது. எண்ணிக்கையில் பெரிய டயர் நிறுவனங்களையும் அது மிஞ்சிவிடுகிறது. ஆனால் ரப்பர் விளையும் குமரி மாவட்டத்தார் இதில் மகிழ இடமில்லை; இந்த டயர்கள் செயற்கைப் பொருளால் ஆனவை.

எட்டு மில்லிமீட்டர் இரகசியம்

1977இல் துளையிட்ட சட்டங்கள், கூட்டல் குறி வடிவ அச்சுகள், பற்சக்கரங்கள் ஆகியவை கொண்ட தொகுதிகள் வெளிவந்தன. பின்னர் இவற்றுக்கு ‘டெக்னிக்’ என்ற பெயர் ஏற்பட்டது. வீடு கட்டிய சிறுவர்கள் இப்போது எந்திரம் கட்டலாயினர்.

இதிலுள்ள கணக்கு அழகானது. அடுத்தடுத்த துளைகளின் இடைவெளி 8 மில்லிமீட்டர். பற்சக்கரங்களில் 8, 16, 24, 40 பற்கள். ஒரு பல்லுக்கு ஒரு மில்லிமீட்டர் வீதம் விட்டம் அமைந்துள்ளது. 8 பல் சக்கரத்தின் ஆரம் 4 மி.மீ.; 24 பல் சக்கரத்தின் ஆரம் 12 மி.மீ.; கூட்டினால் 16. அதாவது சரியாக இரண்டு துளை இடைவெளி. 8 பல்லும் 40 பல்லும் சேர்ந்தால் 4 + 20 = 24; மூன்று துளை இடைவெளி. எனவே எந்தச் சிறுவனும் அளவுகோல் இன்றியே பற்சக்கரங்களைக் கச்சிதமாகக் கோக்க முடிகிறது.

8 பல் சக்கரம் 24 பல் சக்கரத்தைச் சுழற்றினால் வேகம் மூன்றில் ஒன்றாகக் குறையும். திருப்பு விசை மூன்று மடங்காகும். மேடேறும் வண்டிக்கு வேண்டியது இதுவே. ஆனால் பிளாஸ்டிக் அச்சு மிகுந்த திருப்பு விசையைத் தாங்காமல் முறுக்கிக்கொள்ளும். அப்படியானால் இந்த மாற்றத்தை எங்கே செய்வது? மோட்டாருக்கு அருகிலா, சக்கரத்துக்கு அருகிலா? கட்டை வண்டி செய்வோர் கண்ட விடை: சக்கரத்தின் அருகில். அப்போது நீண்ட அச்சு சிறு விசையை மட்டுமே சுமக்கும். அச்சும் சக்கர மையத்துக்கு மேலே உயர்ந்து நிற்பதால் வயிற்றில் கல் இடிக்காது. உழவுக்காக ஜெர்மனியில் உருவான ‘யூனிமாக்’ வண்டியில் 1940களிலேயே இவ்வமைப்பு இருந்தது. 2011இல் வெளிவந்த யூனிமாக் கட்டைத் தொகுதியிலும் அதே அமைப்பைக் காணலாம்.

அலுவலகத்துக்குள் ஓடிய வண்டி

பொம்மை வண்டி உண்மை வண்டியைப் பின்பற்றுவது இயல்பு. உண்மை வண்டி பொம்மை வண்டியைப் பின்பற்றியதும் உண்டு.

ஃபெரென்ச் பவ்லிச் ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய பொறியாளர். மண்ணில் சக்கரம் எப்படிப் புதைகிறது, எப்படிப் பற்றுகிறது என்பதைத் தனி அறிவியலாக வளர்த்த போலந்து நாட்டவர் பெக்கரோடு அவர் பணியாற்றினார். நிலவில் மனிதன் ஓட்டும் வண்டியைச் சிறு இடத்தில் மடித்து எடுத்துச் செல்ல முடியும் என்று அவர் நம்பினார். அதைச் சொல்லி நம்ப வைப்பது கடினமாக இருந்தது. எனவே ஆறில் ஒரு பங்கு அளவில், மடிந்து விரியும் மாதிரி ஒன்றைச் செய்தார். தம் மகனின் போர்வீரன் பொம்மையை அதில் ஓட்டுநராக அமர்த்தினார். 1969இல் வானொலி அலையால் அதை இயக்கி, ராக்கெட் அறிஞர் வெர்னர் ஃபான் பிரவுனின் அலுவலக அறைக்குள்ளேயே ஓட்டினார்! அவ்வாண்டு இறுதியில் வண்டி செய்யும் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 1971 ஜூலை 31 அன்று அப்பல்லோ 15 விண்வெளி வீரர்கள் அந்த 210 கிலோ வண்டியை நிலவில் ஓட்டினர்.

ஸ்பிரிங் இல்லாத ஆறு சக்கரம்

மனிதன் ஏறாத வண்டிக்கு ஓட்டுநரின் சாமர்த்தியம் உதவாது. வண்டியின் உடலமைப்பே பாறைகளைச் சமாளிக்க வேண்டும். இதற்கு 1980களின் இறுதியில் அமெரிக்காவின் டொனால்ட் பிக்லர் ஒரு வழி கண்டார். அவ்வமைப்பின் பெயர் ‘ராக்கர்–போகி’.

வண்டியின் ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று சக்கரங்கள். அவற்றில் இரண்டு ஒரு சிறு துலாக்கோலின் இரு முனைகளில் உள்ளன. இத்துலாக்கோல் ஒரு நீண்ட கையின் ஒரு முனையில் முளையால் மாட்டப்பட்டுள்ளது. நீண்ட கையின் மறுமுனையில் மூன்றாவது சக்கரம். இரு பக்கத்து நீண்ட கைகளும் வண்டியின் உடலில் முளைகளால் பொருந்தி, ஒன்று மேலே சென்றால் மற்றது கீழே வருமாறு தம்முள் இணைக்கப்பட்டிருக்கும். உடல் இரண்டின் சராசரிச் சாய்வில் நிற்கும்.

டிராக்டரின் முன் அச்சைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. துலாக்கோலில் உள்ள இரு சக்கரங்கள் ஒரு புள்ளிக்குச் சமம். ஆக, ஆறு சக்கரங்கள் நான்கு புள்ளிகளாகின்றன. இந்த நாற்காலியின் இடப்பாதியும் வலப்பாதியும் தனித்தனியே சாயக்கூடியவை. ஆகையால் அது ஆடாது. ஸ்பிரிங் ஒன்றுகூட இல்லாமல், தன் சக்கர விட்டம் அளவு உயரமுள்ள கல்லின்மீதும் இவ்வண்டி ஏறிவிடும்! 1997இல் செவ்வாயில் ஓடிய ‘சோஜர்னர்’ முதல் 2012இல் இறங்கிய ‘கியூரியாசிட்டி’ வரை இவ்வமைப்பே கையாளப்பட்டது.

கியூரியாசிட்டி திட்டத்தில் பணியாற்றிய ஸ்டீபன் பக்பாஸ் என்ற எந்திரப் பொறியாளர் அதன் மாதிரியைப் பொம்மைக் கட்டைகளால் அமைத்தார். மக்கள் ஆதரவைப் பெற்று அது 2014இல் 295 கட்டைகள் கொண்ட தொகுதியாக விற்பனைக்கு வந்தது. அதிலும் ஆறு சக்கரங்களும் உண்மை வண்டியைப் போலவே ஏறி இறங்குகின்றன.

மாதிரி மறைக்கும் உண்மை

அப்படியானால் கட்டை வண்டியில் வெற்றி பெற்றது பெரிய வண்டியிலும் வெற்றி பெறுமா? இங்கேதான் கவனம் வேண்டும். பத்தில் ஒரு பங்கு அளவில், அதே பொருளில் ஒரு மாதிரி செய்தால் அதன் எடை ஆயிரத்தில் ஒரு பங்காகும். ஆனால் சக்கரம் தரையைத் தொடும் பரப்பு நூறில் ஒரு பங்கே ஆகும். எனவே தரையில் விழும் அழுத்தம் பத்தில் ஒன்றாகக் குறையும். பெரிய வண்டி புதையும் மணலில் மாதிரி வண்டி எளிதாக ஓடிவிடும்! மாறாதவை வடிவத்தைச் சார்ந்தவை மட்டுமே: எந்தச் சக்கரம் தரையைத் தொடும், எந்தச் சாய்வில் வண்டி கவிழும் என்பவை.

ஆகவே மண்ணைப் பற்றிய கேள்விகளுக்கு முழு அளவு வண்டியே வேண்டும். கியூரியாசிட்டிக்கு அப்படியொரு சோதனை வண்டி உண்டு. செவ்வாயின் ஈர்ப்பு பூமியில் எட்டில் மூன்று பங்குதான். அதற்கேற்ப எடை குறைப்பதற்காக, கணிப்பொறி மூளை இல்லாமலே அதைச் செய்தனர். மூளையில்லாத அந்த வண்டிக்கு அவர்கள் இட்ட பெயர் ‘சோளக்கொல்லைப் பொம்மை’!

சித்தம்பூண்டி மண்ணில்

நம் நாட்டு ‘பிரக்யான்’ வண்டிக்கும் இதே கேள்வி எழுந்தது. நிலவின் தென்துருவப் பகுதி மண்ணுக்கு எங்கே போவது? நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி, குன்னமலை ஊர்களில் கிடைக்கும் அனார்த்தசைட் என்ற பாறை அம்மண்ணை ஒத்திருப்பதை அறிந்து, அதைப் பொடித்து நிலவு மண் போலச் சோதனைக்களம் அமைத்தனர்.

2019இல் சந்திரயான்–2இன் இறங்குகலம் மோதி அழிந்ததால் முதல் பிரக்யான் மண்ணைத் தொடவில்லை. அப்போது இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் தலைவராக இருந்தவர் நாகர்கோவிலை அடுத்த சரக்கல்விளையைச் சேர்ந்த கே. சிவன். 2023 ஆகஸ்டு 23 அன்று சந்திரயான்–3 வெற்றியுடன் இறங்கியது. அதை ஏந்திச் சென்ற ராக்கெட்டின் கிரையோஜெனிக் எஞ்சின், நாஞ்சில் நாட்டின் எல்லையிலுள்ள மகேந்திரகிரியில் சோதிக்கப்பட்டது. அந்தக் கிரையோஜெனிக் கட்டத்தை உருவாக்கிய திட்டத்தின் இயக்குநர் குமரி மாவட்டத்தைச் சேர்ந்த வி. நாராயணன், அவர் 2025 ஜனவரியில் அந்நிறுவனத்தின் தலைவரானார். இருவருமே தமிழ்வழிப் பள்ளியில் பயின்றவர்கள்.

26 கிலோ எடையும் ஆறு சக்கரங்களும் கொண்ட பிரக்யான், நொடிக்கு ஒரு சென்டிமீட்டர் வேகத்தில், ராக்கர்–போகி அமைப்பில் நிலவில் நூறு மீட்டருக்குச் சற்று மேல் ஊர்ந்தது. ஆகஸ்டு 27 அன்று மூன்று மீட்டர் தொலைவில் நான்கு மீட்டர் அகலப் பள்ளம் எதிர்ப்பட்டது. வண்டியைத் திருப்பி வேறு வழியில் செலுத்தினர். எவ்வளவு நல்ல வண்டிக்கும் எல்லை உண்டல்லவா?

செய்து பாருங்கள்

பெயர்பெற்ற கட்டைத் தொகுதிகளின் விலை நம் மாணவர் பலருக்கு எட்டாதது. ஆனால் தத்துவத்துக்கு விலை இல்லை. ஒரு பலகைத் துண்டில் நான்கு சோடா மூடிகளைச் சக்கரங்களாக்கி இரண்டு அச்சுகளையும் இறுகப் பொருத்துங்கள். இன்னொன்றில் முன் அச்சை மட்டும் நடுவே ஒரே ஆணியில், டிராக்டரைப் போல ஆடுமாறு மாட்டுங்கள். இரண்டையும் கற்கள் பரப்பிய இடத்தில் வையுங்கள். ஒவ்வொரு சக்கரத்தின் அடியிலும் ஒரு காகிதக் கீற்றைச் செருகி இழுங்கள். காகிதம் இழுபடாமல் சிக்கினால் அச்சக்கரம் பாரம் தாங்குகிறது என்று பொருள். தாராளமாக வந்தால் அது வெறுமனே தொங்குகிறது.

முதல் வண்டியில் எத்தனை காகிதங்கள் தாராளமாக வந்தன? இரண்டாவதில் எத்தனை? எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஆறு சக்கரத்துக்கு வாருங்கள்.