பிணை நிற்பவர் யார்?

விசாரணை முடியுமுன்னரே கைதானவரை வெளியில் விடுவதற்கு நாம் வழங்கும் ஜாமீன் என்னும் சொல் அரபு மொழியிற் பிறந்து, பாரசீகத்தின் வழியாக நம் கச்சேரிகளுக்கு வந்தது. ‘பொறுப்பேற்பவன்’ என்பதே அதன் பொருள். நிலத்தைக் குறிக்கும் ஜமீன் என்னும் பாரசீகச் சொல் வேறு. ஆயினும், சொத்தில்லாதவன் பிணை நிற்கத் தகான் என்று கீழ் நீதிமன்றங்கள் நெடுங்காலம் கருதி வந்ததைக் காணும்போது, இவ்விரு சொற்களையும் அவை ஒன்றென்றே மயங்கினவோ என ஐயுறத் தோன்றுகிறது. தமிழிற் பிணை என்கிறோம். எப்பெயரால் அழைப்பினும், கைதானவரை அறிந்த ஒருவர் முன்வந்து நிற்க வேண்டும். பிறந்த மண்ணை விட்டு, மொழி வேறான நகரில் குடியிருக்கும் நம்மனோர்க்கு அந்த ஒருவர் யார்?

இம்முறையின் மூலம் இங்கிலாந்தில் உள்ளது. எக்குற்றத்திற்குப் பிணை உண்டு, எதற்கு இல்லை என்பதை 1275ஆம் ஆண்டின் வெஸ்ட்மின்ஸ்டர் சட்டம் வரையறுத்தது. மிகையான பிணை கேட்கலாகாது என்று 1689ஆம் ஆண்டின் உரிமைச் சட்டம் கூறியது.

நம் நாட்டில் 1861இல் இயற்றப்பட்ட குற்ற விசாரணை முறைச் சட்டம், 1872இலும் 1882இலும் புதுக்கப்பெற்று, 1898ஆம் ஆண்டின் சட்டமாக நிலைபெற்றது. முக்கால் நூற்றாண்டு அதுவே ஆட்சி செய்தது. குற்றங்களை அது இரு கூறாக்கியது. பிணைக்குரிய குற்றமாயின், பிணை கொடுக்க முன்வருபவரை விடுவித்தே ஆக வேண்டும். காவல் நிலைய அதிகாரியே அதனைச் செய்யலாம். மற்றவை நீதிமன்றத்தின் விவேகத்திற்கு விடப்பட்டன. பெண்டிர்க்கும், 16 வயது நிரம்பாதார்க்கும், நோயுற்றார்க்கும் தனிச் சலுகை காட்டவும் அச்சட்டம் இடந்தந்தது. தொகை மிகையாதல் கூடாதென்று அதன் 498ஆம் பிரிவு சொல்லிற்று. ஆனால் பிணையாள் எவ்வூரினர் என்பதைப் பற்றி அச்சட்டம் பேசவேயில்லை. ‘போதிய’ பிணையாள் வேண்டும் என்றதோடு நின்றது. அந்த ஒரு சொல்லின் இடைவெளியில்தான், உள்ளூரில் சொத்துள்ளவரே வரவேண்டும் என்னும் வழக்கம் நுழைந்தது. குற்றஞ் சாட்டப்பட்டவர் ஓடிப்போனால் பிணையாளிடம் தொகையை வசூலிப்பது எளிது என்பது அதற்குக் காரணம். அக்காரணத்தில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் அதன் சுமை அயலூரார் தலையிலேயே விழுந்தது.

1929ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் பம்பாய், கல்கத்தா முதலிய தொலைநகரங்களிற் பிடிக்கப்பட்ட தொழிற்சங்கத்தினர் மீரத்துக்குக் கொண்டுவரப்பட்டனர். மீரத் சதி வழக்கு என்பது அதுவே. நான்காண்டு நீண்ட அவ்வழக்கில் எழுந்த பிணை மனுக்களின் மீது, 1931இல் அலகாபாத் உயர்நீதிமன்ற நீதிபதி முகர்ஜி, பிணை தருவதே விதி, மறுப்பது விலக்கு என்று தீர்ப்புரைத்தார். அயல் ஆட்சியின் கீழ், அவ்வாட்சியையே கவிழ்க்கச் சதி செய்ததாகக் குற்றஞ் சாட்டப்பட்டவர்கள் வழக்கில் இக்கருத்து பிறந்தது என்பது வியத்தற்குரியது.

விதி பிறந்தும் வழக்கம் மாறவில்லை. 1978இல் உச்சநீதிமன்றத்திற்கு வந்த மோதிராம் வழக்கு இதனைக் காட்டும். மோதிராம் மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த ஏழைக் கொத்தனார். அவரைப் பிணையில் விடுமாறு உச்சநீதிமன்றமே ஆணையிட்டிருந்தது. ஆனால் மாஜிஸ்திரேட்டோ ரூ. 10,000க்குப் பிணையாள் கேட்டார். உடன்பிறந்தார் முன்வந்தபோது, அவருடைய சொத்து வேறு மாவட்டத்தில் இருப்பதாகச் சொல்லி அவரை ஏற்க மறுத்தார். மோதிராம் மீண்டும் டில்லிக்கு விண்ணப்பிக்க நேர்ந்தது.

அம்மனுவை விசாரித்த நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் பாலக்காட்டிற் பிறந்தவர். தம் தீர்ப்பில் அவர் எழுப்பிய வினா நம் போன்றோரைப் பற்றியது. ஒரு மலையாளியோ, கன்னடரோ, தமிழரோ, தெலுங்கரோ பஸ்தரிலோ, போர்ட் பிளேரிலோ, டில்லி சாந்தினி சவுக்கிலோ கைதானால், அங்கே சொத்துள்ள பிணையாளுக்கு எங்கே போவார் என்று அவர் கேட்டார். வேலை தேடி வந்தவருக்கு அவ்வூரில் ஒருவரையும் தெரியாமலே இருக்கலாம் அன்றோ? பிணையாள் இன்றி, சொந்த முச்சலிக்காவின் பேரிலும் விடுவிக்கலாம் என்று தீர்ப்பு தெளிவாக்கிற்று. மோதிராமுக்கு விதித்த தொகை ரூ. 1,000 சொந்த முச்சலிக்காவாகக் குறைந்தது.

மறு ஆண்டு, 1979இல், பீகார்ச் சிறைகளில் ஆண்டுக் கணக்கில் விசாரணையின்றிக் கிடந்தோரைப் பற்றிய ஹுசைனாரா காத்தூன் வழக்கில் நீதிபதி பகவதியும் இவ்வழியே சென்றார். குடும்பம், தொழில், குடியிருப்பு ஆகியவற்றால் ஒருவர் ஊரில் வேரூன்றியிருப்பதைப் பார்த்து, சொந்தப் பிணையில் விடலாம் என்றார். 2005இல் 1973ஆம் ஆண்டுச் சட்டம் திருத்தப்பட்டது. பிணைக்குரிய குற்றத்தில் கைதானவர் ஒரு வாரத்திற்குள் பிணை தர இயலாவிடில், அவரை வறியவராகக் கொண்டு சொந்த முச்சலிக்காவில் விடுவிக்க வேண்டும் என்றாயிற்று. 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவும் இதனைத் தன் 478ஆம் பிரிவில் வைத்துக்கொண்டுள்ளது.

பிணைக்குரியன அல்லாத குற்றங்களுக்கு இவ்வாரக் கெடு இல்லை. அங்கே பிணை ஆணை கிடைத்தும், ஆள் கிடைக்காமற் சிறையிலேயே இருப்போர் உண்டு. அவர்களைக் கருதி 2023 ஜனவரியில் உச்சநீதிமன்றம் சில நெறிகளை வகுத்தது. ஆணை பிறந்து 7 நாளாகியும் கைதி வெளிவராவிடில், சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப்பணி ஆணைக்குழுவுக்கு அறிவிக்க வேண்டும். ஒரு மாதமாகியும் பிணைப்பத்திரம் தரப்படாவிடில், நிபந்தனையைத் தளர்த்தலாமா என நீதிமன்றம் தானாகவே ஆராயலாம். உள்ளூர்ப் பிணையாளே வேண்டும் என்று வற்புறுத்துவது விடுதலையைத் தாமதிக்கும் காரணங்களுள் ஒன்று என்றும், அத்தகைய இடங்களில் அந்நிபந்தனையை விதிக்காமல் விடலாம் என்றும் அவ்வாணை கூறுகிறது.