மூச்சுப் பிடிச்ச கோடை: தூத்துக்குடி முத்துக்குளியும் நம்ம ஸ்நார்க்கலும்

சென்னை எழும்பூர்ல இருந்து ராத்திரி தூத்துக்குடிக்கு ஒரு ரயில் போகுது. பேரு முத்துநகர் எக்ஸ்பிரஸ். அந்தப் பேருக்குக் காரணமான கடல்ல கடைசியா முத்துக்குளிப்பு நடந்தது 1961ல. அதுக்கப்புறம் பிறந்தவங்க பலர் இப்ப தாத்தா பாட்டியே ஆகிட்டாங்க. ஊர் பேர்ல முத்து இருக்கு, ரயில் பேர்ல முத்து இருக்கு, கடல்ல மட்டும் முத்துக்குளிப்பு இல்ல.

இன்னொரு பக்கம், மே மாசம் வந்தா நம்ம இன்ஸ்டாகிராம் முழுக்க ஸ்நார்க்கலிங் வீடியோ. முகத்துல கண்ணாடி, வாயில ஒரு குழாய், கீழ பவளப்பாறை. ராமேஸ்வரம் பக்கமும் இப்ப கூட்டிட்டுப் போறாங்க. இந்த ரெண்டு விஷயத்தையும் சேர்த்து வச்சுப் பேசலாம்னுதான் இந்த எபிசோட். ஏன்னா ரெண்டும் நடக்குறது ஒரே வளைகுடாவுல, ஏறக்குறைய ஒரே பருவத்துல.

முதல்ல பருவத்தைப் பார்ப்போம். குளிர்க் கடல் இருக்கிற நாடுகள்ல கோடைன்னா தண்ணி கொஞ்சம் சூடாகி, ஜனங்க இறங்குற காலம். மன்னார் வளைகுடாவுல தண்ணி வருஷம் முழுக்க வெதுவெதுப்புதான். இங்க கோடைக்கு அர்த்தம் வேற. வடகிழக்குப் பருவக்காத்து ஓய்ஞ்சு, தென்மேற்குக் காத்து இன்னும் ஆரம்பிக்காத இடைவெளி அது. அலை அடங்கும், கலங்கின மண் கீழ படியும், தண்ணி தெளியும். 13ஆம் நூற்றாண்டோட கடைசியில இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ, முத்துக்குளிப்பு ஏப்ரல்ல தொடங்கி மே பாதி வரைக்கும் நடக்கும்னு எழுதியிருக்கார். பிரிட்டிஷ் காலத்துலயும் மார்ச், ஏப்ரல்தான் முக்கியமான மாசங்கள். நம்ம ஸ்கூல் லீவை ஒட்டி வர்ற அதே நாட்கள்.

அந்த நாட்கள்ல ஒரு ஆள் எப்படிக் கடல்ல இறங்கினார்? கால்ல மாட்ட ஒரு கல், இடுப்புல அல்லது கழுத்துல ஒரு வலைப் பை, மேல படகுல கயிறு பிடிக்க ஒருத்தர். கல்லோட கனத்துல சர்ருனு கீழ போவார். ஆழம் 7 முதல் 10 பாகம், அதாவது 13ல இருந்து 18 மீட்டர். அரபு முத்துக்குளிப்பாளர்கள் மூக்குக்கு ஒரு கிளிப் போட்டாங்க, நம்ம ஆட்கள் கையாலயே மூக்கைப் பிடிச்சுக்கிட்டாங்க. கீழ போனதும் கைக்குக் கிடைக்கிற சிப்பியை எல்லாம் பையில அள்ளிப் போட்டுட்டு, கயித்தை ஒரு இழுப்பு இழுத்தா மேல இருக்கறவர் தூக்கிடுவார். மொத்தம் ஒரு நிமிஷம், கொஞ்சம் கூடக் குறைய.

கயிறு பிடிக்கிறது மச்சான்தான், தங்கச்சி தாலி மேல அக்கறை இருக்கும்ல அப்படின்னு ஒரு கதை கேட்டிருப்பீங்க. எல்லாப் படகுலயும் ஒரு மச்சான் இருந்திருக்க முடியாது. ஆனா அந்தக் கதை சொல்ற நியாயம் சரி: கீழ இருக்கறவன் உயிர் மேல இருக்கறவன் கையில.

இங்க கொஞ்சம் அறிவியல். 10 மீட்டர் ஆழத்துல அழுத்தம் ரெண்டு மடங்கு. நெஞ்சுக்குள்ள இருக்கிற காத்து பாதியா சுருங்கிடும். ஸ்நார்க்கல் குழாயை நீளமா செஞ்சு ஆழத்துல மூச்சு விட முடியாததுக்கும் இதுதான் காரணம். தண்ணி நெஞ்சை அமுக்குற அமுக்குல, மேல இருக்கிற காத்தை உள்ள இழுக்க நம்ம தசைகளுக்குத் தெம்பு பத்தாது.

இன்னொண்ணு எனக்கு இதைவிட முக்கியமா படுது. நம்ம கண் காத்துல பார்க்க அமைஞ்சது. தண்ணி நேரா கண்ணுல பட்டா எல்லாம் மங்கலாத்தான் தெரியும். அந்தமான் கடல்ல வாழுற மோக்கன் இனத்துக் குழந்தைகள் தண்ணிக்கடியில நம்மைவிடத் தெளிவா பார்க்குறாங்கன்னு 2003ல ஒரு ஆய்வு வந்துச்சு, ஆனா அவங்களுக்கும் அதுக்கொரு எல்லை இருக்கு. அப்படின்னா யோசிச்சுப் பாருங்க. ஆயிரக்கணக்கான வருஷம் அந்தக் கடலடியைத் தொட்டு வாழ்ந்தவங்க, இன்னிக்கு வாடகைக்குக் கண்ணாடி மாட்டிக்கிட்டு மிதக்குற ஒரு டூரிஸ்ட் பார்க்குற அளவுக்குக்கூட அதைத் தெளிவா பார்த்ததில்ல. அவங்களுக்குக் கடலடின்னா கைக்குத் தெரிஞ்ச ஒரு இடம்.

சரி, அவங்க எடுத்தது யாருக்குப் போச்சு? கி.பி. முதல் நூற்றாண்டுல ஒரு கிரேக்க வணிகர் எழுதின பெரிப்ளூஸ்ங்கிற கடல் வழிக் குறிப்பு, பாண்டியர்களோட கொற்கையில தண்டனை பெற்ற கைதிகளை வச்சு முத்து எடுத்தாங்கன்னு சொல்லுது. அந்தக் கொற்கை இன்னிக்குக் கடலோரத்துலயே இல்ல. தாமிரபரணி கொண்டு வந்து கொட்டின மண்ணால கடல் சில கிலோமீட்டர் தள்ளிப் போயிடுச்சு. மார்க்கோ போலோ காலத்துல பத்துல ஒரு பங்கு ராஜாவுக்கு, இருபதுல ஒரு பங்கு சுறாவை மந்திரத்தால கட்டுறவருக்கு. ராத்திரியில அவர் மந்திரத்தை அவிழ்த்து விட்டுடுவாராம், யாரும் திருட்டுத்தனமா இறங்கக் கூடாதுன்னு. அந்தக் காலத்து செக்யூரிட்டி சிஸ்டம்! பின்னாடி பிரிட்டிஷ் அரசாங்கமே இந்தச் சுறா கட்டுறவங்களுக்குச் சம்பளம் கொடுத்திருக்கு. பயந்தா யாரும் இறங்க மாட்டாங்க, இறங்கலைன்னா வருமானம் இல்ல.

1530கள்ல இந்தக் கடலோரத்துப் பரதவர்கள் போர்த்துகீசியர்கிட்ட பாதுகாப்பு கேட்டுப் போனதுக்கும், கத்தோலிக்கரா மாறினதுக்கும் பின்னாடி, முத்துக்குளிப்பு யார் கையிலங்கிற சண்டை இருந்துச்சு. 1658ல டச்சுக்காரங்க தூத்துக்குடியைப் பிடிச்சாங்க, பிறகு ஆங்கிலேயர். கொடி மாறிக்கிட்டே இருந்துச்சு, மூச்சுப் பிடிச்சவங்க அதே ஆட்கள்தான்.

இன்னொரு விஷயம். படத்துல காட்டுற மாதிரி சிப்பியைத் திறந்ததும் முத்து மின்னாது. கரைக்கு வந்த சிப்பியைத் திறக்காம, ஆயிரம் ஆயிரமா ஏலம் விடுவாங்க. வாங்கினவர் அதை வெயில்ல நாள்கணக்குல அழுக விட்டு, அலசி, அப்புறம்தான் முத்து தேடுவார். நாத்தம், ஈ, சில சமயம் காலரா. கிட்டத்தட்ட ஒரு லாட்டரி. எதிர்க்கரையில இலங்கையோட மரிச்சுக்கட்டியில, 1906 சலாபத்துல வேலை பார்த்த ஒரு இளம் அதிகாரி பேரு லியனார்ட் வுல்ஃப். ஆமா, எழுத்தாளர் வர்ஜினியா வுல்ஃபை பிற்பாடு கல்யாணம் பண்ணிக்கிட்டவர்தான். அந்த 1906லதான் இலங்கை அரசு முத்துப் படுகைகளை ஒரு லண்டன் கம்பெனிக்கு 20 வருஷக் குத்தகைக்கு விட்டுச்சு. 1907க்கு அப்புறம் சிப்பியே கிடைக்கல. கம்பெனி படுத்துடுச்சு.

நம்ம பக்கமும் இதே கதைதான். இங்க படுகையைப் 'பார்'னு சொல்வாங்க. தூத்துக்குடிக்கு எதிர்ல இருக்கிற தொலையிரம் பார் பேர்போனது. ஒரு வருஷம் பார் நிறைய சிப்பி இருக்கும், பிறகு பல வருஷத்துக்கு ஒண்ணுமே இருக்காது. குஞ்சுச் சிப்பி வேற இடத்துல போய்ப் படியும், மணல் மூடும், சூரன்னு சொல்ற சின்ன மட்டி படர்ந்து அமுக்கும். அதனால டச்சு, பிரிட்டிஷ் காலத்துல ஒரு வழக்கம் இருந்துச்சு. சலாபம் அறிவிக்கிறதுக்கு முன்னாடி பாரைச் சோதிப்பாங்க. கொஞ்சம் சிப்பி எடுத்து, வயசு பார்த்து, கிடைச்ச முத்தை மதிப்புப் போடுவாங்க. சிப்பி இளசா இருந்தா அந்த வருஷம் குளிப்பு கிடையாது. படகு, ஆள், வியாபாரி எல்லாரும் காத்திருக்கணும். அதோட நோக்கம் கஜானாதான், கடல் மேல பாசம் இல்ல. ஆனாலும் 'இந்த வருஷம் வேண்டாம்'னு சொல்ற ஒரு முறை இருந்துச்சு. சுதந்திரத்துக்கு அப்புறம் 1955ல தொடங்கி 1961 வரைக்கும் குளிப்பு நடந்துச்சு. அதோட சரி. 1973ல மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் தூத்துக்குடியில வளர்ப்பு முத்தை உண்டாக்கிக் காட்டினாங்க. ஆனா கடல்ல பார் பழையபடி நிறையல.

குளிர்க் கடல்ல என்ன ஆச்சுன்னு பாருங்க. தென்கொரியாவோட ஜேஜு தீவுல ஹேன்யோங்கிற பெண்கள் பனிக்காலத்துலயும் மூச்சுப் பிடிச்சு இறங்கிச் சங்கு, நத்தை எடுக்குறாங்க. 1970கள் வரைக்கும் வெறும் பருத்தித் துணிதான். அப்புறம் ரப்பர் உடை வந்துச்சு, மணிக்கணக்கா தண்ணில இருக்க முடிஞ்சுது. 2016ல யுனெஸ்கோ அவங்க பண்பாட்டைப் பட்டியல்ல சேர்த்துச்சு. அந்தத் திறமைக்கு உலகம் ஒரு பேர் கொடுத்துச்சு. நம்ம முத்துக்குளிப்பாளர்களுக்கு ரயில் பேர் கிடைச்சுது.

இப்ப நம்ம கோடைக்கு வருவோம். தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவுல இருக்கிற 21 தீவுகளைச் சேர்த்து 1986ல கடல்சார் தேசியப் பூங்காவா அறிவிச்சாங்க. அதுல விலங்குச்சல்லி, பூவரசன்பட்டின்னு ரெண்டு தீவு இப்ப தண்ணிக்கு மேல இல்ல. சுண்ணாம்புக்காகப் பல வருஷம் பவளப்பாறையை வெட்டி எடுத்தாங்க, அலையைத் தடுக்க அரண் இல்லாமப் போச்சு. பவளத்துக்குச் சட்டப் பாதுகாப்பு 2001லதான் வந்துச்சு. இன்னொரு சிக்கலும் இருக்கு. காத்து நின்னு தண்ணி தெளியுற அதே மாசங்கள்லதான் தண்ணி ரொம்பச் சூடாகுது. 30 டிகிரியைத் தாண்டி வாரக்கணக்கா நின்னா பவளம் வெளுக்கும். 2010லயும் 2016லயும் இங்க பெரிய அளவுல வெளுத்துச்சு. நமக்கு நல்லா தெரியுற நேரம், அதுக்கு நோய் வர்ற நேரம்.

அதனால போக வேண்டாம்னு நான் சொல்லல. போங்க, பாருங்க. பவளத்து மேல கால் ஊனாதீங்க, எதையும் எடுக்காதீங்க. வேக வேகமா மூச்சு வாங்கிட்டு முங்காதீங்க, தண்ணிக்குள்ளயே மயக்கம் வரும். தனியா இறங்காதீங்க, மேல ஒருத்தர் உங்களைப் பார்த்துக்கிட்டே இருக்கணும். வனத்துறை அனுமதி இல்லாம தீவுல ஏறாதீங்க. பவளம் வெளுத்திருக்கிற வருஷத்துல 'இப்ப கூட்டிட்டுப் போக மாட்டோம் தம்பி'ன்னு படகுக்கார அண்ணன் சொன்னா, கூட ஐநூறு ரூபா நீட்டாம திரும்பி வாங்க. சலாபக் காலத்துல பாரைச் சோதிச்சுட்டு சொன்ன அதே 'வேண்டாம்'தான் அது. இந்த முறை வரிக்காக இல்லாம, கடலுக்காகவே சொல்லலாம்.

அடுத்த எபிசோட்ல தூத்துக்குடி உப்பளங்களுக்குப் போவோம்.