தந்தி போன திசை

தாது வருஷப் பஞ்சம் என்று நம் ஊர்களில் பேர் வாங்கிய 1876–78 பஞ்சம், தமிழகத்துக்குப் பட்டினியோடு இன்னொன்றையும் கொண்டுவந்தது. துயரத்தைத் தொலைதூரத்துக்குச் சொல்லி உதவி திரட்டும் நவீன முறைதான் அது. 1877 ஆகஸ்டில் ஆளுநர் பக்கிங்ஹாம் பிரபு தலைமையில் சென்னையில் பொதுக்கூட்டம் நடந்தது. லண்டன் மேயருக்கும் மற்றச் சில பிரிட்டிஷ் நகரங்களின் தலைவர்களுக்கும் உதவி கேட்டுத் தந்தி அடித்தார்கள். கடலடிக் கம்பி பம்பாய் வந்து ஏழே ஆண்டு ஆகியிருந்தது. நிவாரணக் குழுவின் செயலாளர் வில்லியம் டிக்பி, ‘மெட்ராஸ் டைம்ஸ்’ ஆசிரியர். எதைச் சொன்னால் வாசகன் பணப்பையைத் திறப்பான் என்று தெரிந்த பத்திரிகைக்காரர். லட்சக்கணக்கான பவுண்டுகள் வந்து சேர்ந்தன. அந்தப் பணம் வீண்போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்: விதை வாங்கவும், உழவு மாடு பிடிக்கவும், கூரை வேயவும் குடியானவர்கள் கையில் அது போய்ச் சேர்ந்தது. ஆனால் குழுவின் பேச்சுத் திறமை முழுவதும் ஒரே பக்கம் பார்த்து நின்றது. கொடுப்பவருக்குச் சொல்லக் கம்பி இருந்தது; வாங்குபவரோடு பேச அதற்கு ஈடாக எதுவும் இல்லை. பஞ்சத்தில் அடிபட்டவர்களின் தரப்பு கும்மிப் பாட்டுகளில்தான் பதிவானது. அவற்றை லண்டனுக்கு யார் தந்தி அடிப்பார்கள்?

அந்தப் பஞ்சத்தின் முகமாக இன்றும் நம் கண்முன் நிற்பவை ராணுவ அதிகாரி வில்லோபி வாலஸ் ஹூப்பர் எடுத்த புகைப்படங்கள். விலா எலும்புகள் ஒவ்வொன்றாக எண்ணும்படி தெரிய, ஆணும் பெண்ணும் குழந்தையும் கேமராவுக்காக வரிசையாக உட்காரவைக்கப்பட்டிருக்கிறார்கள். நிமிர்ந்து உட்கார முடியாதவர்களை யாரோ அப்படி அமர்த்தியிருக்க வேண்டும். படத்தில் இருப்பவர்களின் பெயர் நமக்குக் கிடைப்பதில்லை. படம் எடுத்தவர் சோறு போட்டாரா என்ற கண்டனம் அந்தக் காலத்திலேயே எழுந்தது. இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அதை எளிதில் தள்ளிவிட முடியாது: படம் உறுத்தாமல் பணம் வராது, பணம் வராமல் விதைநெல் வராது, கண்ணியம் பார்த்துக்கொண்டிருந்தால் செத்தவர் கணக்கு இன்னும் ஏறியிருக்கும். சரிதான். ஆனால் என் குறை படம் லண்டனுக்குப் போனதில் இல்லை. அதோடு பேச்சு முடிந்துவிட்டதில்தான். கொடுப்பவரை மட்டுமே நோக்கிப் பேசிப் பழகும் அமைப்பு, நாளடைவில் அவருக்கு எது பிடிக்குமோ அதையே நிவாரணமாகவும் கொடுக்கத் தொடங்கிவிடுகிறது.

2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் இது கண்கூடாகத் தெரிந்தது. மாவட்டத்தில் ஆறாயிரத்துக்கு மேல் மாண்டிருந்தார்கள். லாரி லாரியாக வந்து இறங்கிய பழந்துணி சாலையோரங்களில் குவிந்து கிடந்தது. பிறர் உடுத்திக் கழித்ததை மீனவக் குடும்பங்கள் தொட மறுத்தன. பிறகு படகு. ஃபைபர் படகு புகைப்படத்தில் எடுப்பாக இருக்கும், பக்கவாட்டில் நிறுவனத்தின் பெயரும் எழுதலாம். கட்டுமரத்துக்கு அந்த வசதி கிடையாது. கடலுக்கு எத்தனை படகு தாங்கும் என்று மீனவர் சங்கங்களைக் கேட்டுவிட்டா எல்லோரும் கொடுத்தார்கள்? இத்தனைக்கும் 1994இலேயே செஞ்சிலுவை இயக்கமும் பிற தொண்டு அமைப்புகளும் ஒரு நடத்தை விதித்தொகுப்பை ஏற்றிருந்தன. கொடுப்பவருக்கும் பெறுபவருக்கும் ஒருசேரப் பதில் சொல்லவேண்டும் என்பது அதன் ஒன்பதாவது விதி. பாதிக்கப்பட்டவரை விளம்பரத்தில் கதியற்ற பொருளாகக் காட்டாமல் கண்ணியமுள்ள மனிதராகக் காட்டவேண்டும் என்பது பத்தாவது. விதி எழுத்தில் இருந்தது. ஊரோடு பேசும் வழிதான் பல இடங்களில் இல்லை. உள்ளூரில் ஏற்கெனவே வேரூன்றியிருந்த ‘சிநேகா’ தொண்டு அமைப்பும் மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பான ‘சிஃப்ஸ்’ஸும் முன்னின்று, தொண்டு நிறுவனங்களுக்கான ஒருங்கிணைப்பு மையத்தை ஆட்சியர் அலுவலகத்திலேயே நடத்தத் தொடங்கிய பிறகுதான் எந்த ஊருக்கு என்ன வேண்டும் என்ற பேச்சு ஓர் ஒழுங்குக்கு வந்தது.

ஆபத்து நேரத்தில் உட்கார்ந்து பேச நேரம் ஏது என்பார்கள். அந்த நேரத்தில் தொடங்கினால் முடியாதுதான். புதுச்சேரிக் கடற்கரை ஊர்களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதலே தகவல் மையங்களை அமைத்துவந்தது. வீராம்பட்டினத்தில் அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயரக் கணிப்பை எடுத்து, கடலுக்குப் போகிறவர்களுக்கு ஒலிபெருக்கியில் தமிழில் சொல்வார்கள். சுனாமியன்று பக்கத்து நல்லவாட்டுக்குச் சிங்கப்பூரில் வேலைபார்த்த அந்த ஊர்க்காரர் ஒருவரிடமிருந்து தொலைபேசி வந்தது. மையத்தைத் திறந்து ஒலிபெருக்கியில் எச்சரித்தார்கள், ஊரே வெளியேறியது. படகுகள் போயின, வீடுகள் சேதமாயின, ஆட்கள் தப்பினார்கள். அந்த அழைப்பு வெறும் அதிர்ஷ்டம் என்று வாதிடலாம். அழைப்பு அதிர்ஷ்டம்தான். ஒலிபெருக்கி அதிர்ஷ்டம் அல்ல. கம்பத்திலிருந்து வரும் குரலை நம்பி எழுந்து ஓடலாம் என்ற பழக்கமும் அன்று காலையில் உண்டானதல்ல. அலை உயரமும் இன்னபிற அன்றாடச் சேதியும் சொல்லிச் சொல்லி வளர்த்தது. நன்கொடையாளருக்கான ஆண்டறிக்கையில் இப்படிப்பட்ட அன்றாடச் செலவுக்குப் பக்கம் ஒதுக்குவது இன்றைக்கும் சிரமம். படம் எடுத்தால் ஒரு கம்பமும் குழாயும்தான் விழும்.