பிறக்கிராசியாரின் இரும்புப் பெட்டி

2010 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், மண்கும்பானிலுள்ள எங்கள் காணியொன்றின் உறுதியைத் தேடி யாழ்ப்பாணத்துக் காணிப் பதிவகத்துக்குச் சென்றிருந்தேன். ஏழு பரப்புக் காணி. தங்கைக்குச் சீதனமாக எழுதப்பட்டது. உறுதியின் இலக்கம் தெரியுமா என்று எழுதுவினைஞர் கேட்டார். தெரியாது. எழுதிய நொத்தாரிசின் பெயர்? அது தெரியும். ஆண்டு? எண்பத்து நான்கோ ஐந்தோ என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்த பார்வையில் கோபம் இல்லை, களைப்புத்தான் இருந்தது. அன்று காலையில் என்னைப் போலப் பத்துப் பேரையாவது அவர் பார்த்திருக்க வேண்டும்.

அந்த உறுதி எழுதப்பட்ட நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, திகதி மட்டுமே நினைவில் இல்லை. பாடசாலை விடுமுறையில் ஐயாவுடன் பண்ணைப் பாலத்தால் பஸ்ஸில் நகருக்கு வந்தேன். பிறக்கிராசியாரின் கந்தோர் என்பது அவருடைய வீட்டு விறாந்தையை மரத் தட்டியால் மறைத்த ஓர் அறை. ஒரு மேசை, ஒரு தட்டச்சுப் பொறி, சிவப்பு நாடாவால் கட்டிய வழக்குக் கட்டுகள், மூலையில் ஓர் இரும்புப் பெட்டி. அங்கே வேலை செய்தவர்கள் இருவர்: பிறக்கிராசியாரும் அவருடைய கிளாக்கரும். மாதச் சம்பளத்துக்கு ஆளில்லாத தொழிலகம் என்றுதான் சொல்ல வேண்டும். கிளாக்கருக்குக் கட்சிக்காரர் கொடுப்பதே வருமானம். பிறக்கிராசியாருக்கும் சில மாதங்களில் முருங்கைக்காயும் பனங்கட்டியுமே கட்டணமாக வந்து சேரும் என்று ஐயா சொல்வார்.

சட்டப்படி பார்த்தால் அப்போது 'பிறக்கிராசி' என்ற தொழிலே நாட்டில் இல்லை. ஆனால் எங்கள் ஊரவர் சட்டத்தைவிடச் சொற்களுக்கு விசுவாசமானவர்கள். பிறக்கிராசி போர்த்துக்கேயர் வழியாக வந்த சொல். அப்புக்காத்து, நொத்தாரிசு, கந்தோர் ஆகியவை ஒல்லாந்தர் விட்டுச்சென்றவை. காணிப் பதிவேட்டைக் குறிக்கும் தோம்பும் போர்த்துக்கேயச் சொல்லே. ஆண்டவர்கள் போய்விட்டார்கள், அவர்களுடைய நீதிமன்றச் சொற்கள் வேலியும் கிணறும் பற்றிய எங்கள் சண்டைகளுக்குள் குடியேறிவிட்டன.

இந்த இரு தொழில்களையும் பற்றி இன்றைய இளைஞர்களுக்குச் சிறிது விளக்க வேண்டும். 1833 ஆம் ஆண்டின் நீதிப் பட்டயத்தின் கீழ் அப்புக்காத்துமாரும் பிறக்கிராசிமாரும் தனித்தனியாகவே அனுமதிக்கப்பட்டனர். மன்றில் எழுந்து வாதாடுவது அப்புக்காத்து. கட்சிக்காரரிடம் கதை கேட்டு, ஆவணங்களைத் திரட்டி, வழக்குரை தயாரித்து, மன்றில் கோப்பிடுவது பிறக்கிராசி. அவர் மூலமாகவன்றி அப்புக்காத்தர் வழக்கை ஏற்பதில்லை. 1874 இல் கொழும்பில் சட்டக் கல்லூரி தோன்றியபின் இரு சாராரும் அங்கேயே படித்தார்கள். புதுக்கடையில் சில ஆண்டுகள் தங்கிப் படிப்பதற்குத் தீவுப்பகுதியில் பல குடும்பங்கள் காணியை ஈடு வைத்தன. பரீட்சைகளைத் தாண்டிய பின்னரும் மூத்த பிறக்கிராசி ஒருவரின் கந்தோரில் பயிலுநராக இருந்தால்தான் தொழில் கைக்கு வரும். ஊர் திரும்பியவர் பெரும்பாலும் நொத்தாரிசு அனுமதியையும் பெற்றுக்கொள்வார். வழக்கு எப்போதாவது வரும், உறுதி எப்போதும் வரும்.

உறுதிதான் யாழ்ப்பாணத்துச் சிறு கந்தோர்களின் சோறு. காரணம் தேசவழமை. கிளாஸ் ஈசாக்ஸ் என்ற ஒல்லாந்த திசாவை தொகுத்து, பன்னிரண்டு தமிழ் முதலிமார் சரிபார்த்து, 1707 இல் நடைமுறைக்கு வந்த அந்தச் சட்டத்தை 1806 இல் ஆங்கிலேயரும் ஏற்றுக்கொண்டனர். முதுசொம், சீதனம், தேடியதேட்டம் என்று சொத்து மூன்று வகையாகும். பங்காளிக்குக் காணியை முதலில் வாங்கும் உரிமை உண்டு. தலைமுறைக்குத் தலைமுறை பிரியும் காணியில் நாற்பத்தெட்டில் ஒரு பங்கு கிணறும், அதற்குப் போகும் வழியும், எல்லையில் நிற்கும் இரண்டு பனையும் உறுதியில் ஏறியாக வேண்டும். தீவகத்தின் பல கிணறுகள் உவர். மண்கும்பானின் மணற்காணியில் ஊறுவது நன்னீர். அங்கே கிணற்றுப் பங்குக்காக நடந்த வழக்குகளை வெளியூரார் கேலி செய்வதுண்டு. அவர்கள் உவர்நீர் குடித்தறியாதவர்கள்.

இந்தப் பிறக்கிராசி மரபிலிருந்து அரசியலுக்கு வந்தவர்களில் தீவகத்தார் மறக்கக் கூடாதவர் வ. நவரத்தினம். தமிழரசுக் கட்சியின் தலைவர் செல்வநாயகம் அப்புக்காத்து, இராணி வழக்கறிஞர், நவரத்தினம் பிறக்கிராசி. கட்சிக்குள்ளும் அந்தத் தொழிற்பிரிவு ஒருவாறு தொடர்ந்தது என்பது என் கணிப்பு. தலைவர் பேசுவார், ஆவணத்தின் ஒவ்வொரு வாசகத்தையும் இவர் எடைபோடுவார். 1957 யூலை 26 இல் கைச்சாத்தான பண்டாரநாயக்க - செல்வநாயகம் உடன்படிக்கைக்கான பேச்சுகளில் அவர் பங்கெடுத்தார். மறு ஆண்டு ஏப்ரலில் அது கைவிடப்பட்டது. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1840 ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புச் சட்டப்படி, இலங்கையில் ஒரு துண்டுக் காணியைக்கூட நொத்தாரிசும் இரு சாட்சிகளும் இல்லாமல் விற்க முடியாது. ஓர் இனத்தின் உரிமை பற்றிய உடன்பாட்டுக்கோ இரு தலைவர்களின் கையெழுத்தைத் தவிர வேறு காவல் இருக்கவில்லை. உறுதி எழுதிப் பழகிய ஒருவருக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நான் பலமுறை நினைத்ததுண்டு.

ஊர்காவற்றுறைத் தொகுதி உறுப்பினர் வி. ஏ. கந்தையா மறைந்தபின், 1963 இடைத்தேர்தலில் நவரத்தினம் பாராளுமன்றம் சென்றார். 1965 இலும் வென்றார். 1968 இல் கட்சியிலிருந்து விலக்கப்பட்டு, அடுத்த ஆண்டில் தமிழர் சுயாட்சிக் கழகத்தைத் தொடங்கினார். 1970 இல் அதே தொகுதி மக்கள் அவரைத் தோற்கடித்துக் கா. பொ. இரத்தினத்தைத் தெரிந்தார்கள். 2006 இல் கனடாவில் காலமானார்.

அவருடைய தொழிலின் பெயர் அதற்கு முன்னரே காலமாகிவிட்டது. 1973 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்க நீதி நிருவாகச் சட்டம் இரு பிரிவுகளையும் இணைத்தது. 1974 சனவரி முதல் எல்லோரும் சட்டத்தரணிகள். ஆனாலும் குடியியல் வழக்கில் 'பதிவுச் சட்டத்தரணி' என்றொருவர் இன்றும் இருக்கிறார். பெயர் மாறிய பிறக்கிராசி அவர்.

எங்கள் பிறக்கிராசியாரிடம் திரும்புவோம். 1990 ஓகஸ்டில் தீவகத்தில் இராணுவம் இறங்கியபோது எங்கள் குடும்பம் உடுத்த உடையோடு யாழ்ப்பாணத்துக்கு வந்தது. உறுதி வீட்டிலேயே தங்கிப்போயிற்று. 1995 ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணமே வெளியேறியபோது பிறக்கிராசியாரின் இரும்புப் பெட்டி விறாந்தையில் நின்றது. அதை யார் தூக்குவது? கிளாக்கர் மட்டும் ஒரு காரியம் செய்திருந்தார். பெட்டியைத் திறந்து, எழுதிய உறுதிகளின் இலக்கத்தையும் திகதியையும் குறித்து வைத்திருந்த மூன்று கொப்பிகளை எடுத்துச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு தென்மராட்சிக்குப் போனார்.

பதிவகத்திலிருந்து நான் அவரைத்தான் தேடிப் போனேன். எண்பதை நெருங்கியிருந்தார். கண் மங்கியிருந்தது. பேத்தி வாசிக்க, மூன்றாவது கொப்பியில் எங்கள் இலக்கம் அகப்பட்டது. நொத்தாரிசு தாம் எழுதும் உறுதியின் இரண்டாம் பிரதியை அடுத்த மாதம் பதினைந்தாம் திகதிக்குள் பதிவகத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது விதி. எங்கள் பிறக்கிராசியார் அனுப்பியிருந்தார். இரு வாரங்களில் அத்தாட்சிப்படுத்திய பிரதி கையில் கிடைத்தது.

காணியிலோ வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த ஒரு குடும்பம் 2002 முதல் குடியிருந்தது. 1871 ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைச் சட்டப்படி, எதிரான உரிமையோடு பத்து ஆண்டுகள் இடையூறின்றிக் காணியை ஆண்டவர் அதற்கே உரித்தாளியாகலாம். எட்டு ஆண்டுகள் கழிந்திருந்தன. போரினால் நீதிமன்றம் செல்ல முடியாதவர்களுக்கு ஆறுதல் தரும் சிறப்பேற்பாட்டுச் சட்டம் 2016 இல்தான் வந்தது. 2010 இல் எங்களிடம் இருந்தது இரண்டு ஆண்டு மட்டுமே.

வழக்குப் போடுவோமா என்று ஓர் இளம் சட்டத்தரணியிடம் கேட்டேன். அவர் வேறு வழி சொன்னார். 'ஐயா, உங்கள் அனுமதியோடு இருக்கிறோம் என்று அவர்களிடம் ஒரு கடிதம் வாங்குங்கள். அனுமதியோடு இருப்பவருக்குப் பத்து ஆண்டுக் கணக்கு ஓடாது. அவர்களை எழுப்பவும் தேவையில்லை.' தங்கையும் அதையே விரும்பினாள். அந்தக் குடும்பத்தின் சொந்த நிலம் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் இருந்தது. கடிதத்தை நீட்டியபோது வீட்டுக்காரர் வாசித்துப் பார்த்தார். 'அண்ணை, இப்படி ஒரு கடதாசி கேட்க எங்கள் காணியில் ஆர் இருக்கினம்? ஆமிக்காரனிட்டைப் போய்க் கேட்கலாமே?' என்று சொல்லிவிட்டுக் கையெழுத்திட்டார். எனக்கு நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

2016 இல் அவர்களுடைய காணி விடுவிக்கப்பட்டது. போகும்போது கிணற்றை இறைத்துத் துப்புரவாக்கிவிட்டே போனார்கள். தங்கை அந்தக் காணியைத் தன் மகளுக்கு நன்கொடையாக எழுத முடிவு செய்தாள். இளம் சட்டத்தரணி கணினியில் உறுதியைத் தயாரித்துக்கொண்டு தெற்கு எல்லையில் வந்து நின்றார். பழைய உறுதியில் இரண்டு பனைகள் எல்லையாக இருந்தன. போரில் அவை தறிக்கப்பட்டுவிட்டன. நில அளவையாளர் வந்து கல் நாட்டும்வரை உறுதி மூன்று மாதங்கள் காத்திருந்தது.