பெயர்த்து நடப்பட்ட வீடுகள்: திறந்தவெளி அருங்காட்சியகமும் கட்டுமானப் பொருளும்

ஆய்வுச் சுருக்கம்

ஊரக வீடுகளைப் பிரித்தெடுத்து வேறிடத்தில் நிறுத்திக் காக்கும் திறந்தவெளி அருங்காட்சியக முறை, மரக்கட்டுமானம் மிகுந்த ஸ்காண்டினேவியாவில் தோன்றியது. மண்சுவரும் கீற்றுக்கூரையும் பரவலாக இருந்த தமிழகத்தில் அம்முறை எவற்றைக் காக்கிறது, எவற்றை நழுவவிடுகிறது என்பதை முட்டுக்காடு தட்சிணசித்ராவை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: திறந்தவெளி அருங்காட்சியகம், ஸ்கான்சென், தட்சிணசித்ரா, ஊரகக் கட்டடக்கலை, மரபுப் பாதுகாப்பு

முன்னுரை

சிலையையும் நாணயத்தையும் கண்ணாடிப் பேழைக்குள் வைக்கலாம். வீட்டை வைக்க இயலாது. ஆகவே வீட்டை வெட்டவெளியில் நிறுத்தி, காண்போரை அதனுள் நுழையச் செய்யும் முறை உருவாயிற்று. பல்வகை மக்களின் குடியிருப்புகளை அடுத்தடுத்துக் காட்டுவது தமிழுக்குப் புதிதன்று. எயினர், ஆயர், உழவர், வலைஞர், அந்தணர் ஆகியோரின் உறைவிடங்களைப் பெரும்பாணாற்றுப்படை பாணன் செல்லும் வழியில் ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டுகிறது. அங்கு வீடுகள் தத்தம் நிலத்திலேயே நிற்கின்றன, பாணனே நடக்கிறான். திறந்தவெளி அருங்காட்சியகத்திலோ வீடுகள் இடம்பெயர்கின்றன. இவ்வேறுபாட்டின் விளைவு யாது என்பதே இங்கு எழும் வினா.

ஸ்கான்சென்: மரம் தந்த வாய்ப்பு

ஸ்வீடனில் ஆர்ட்டூர் ஹசேலியுஸ் 1891ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோம் நகரின் யூர்கோர்டன் தீவில் ஸ்கான்செனைத் திறந்தார். அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே நார்வேயில் இன்றைய ஓஸ்லோவை அடுத்த பிக்டோயில் மன்னர் இரண்டாம் ஆஸ்கார் பழங்கட்டடங்களைத் திரட்டியிருந்தார். தொழில்மயமாக்கத்தால் ஊரக வாழ்வு மறைந்துவருவதை உணர்ந்த ஹசேலியுஸ், 1885இல் டலார்னா பகுதியின் மோராவிலிருந்து ஒரு வீட்டை விலைக்கு வாங்கினார். அவ்வகை வீட்டின் சுவர், நீண்ட மரங்களை மூலைகளில் வெட்டி ஒன்றோடொன்று பூட்டி அடுக்கப்பட்டது. மரங்களுக்கு எண்ணிட்டுப் பிரித்து, அதே வரிசையில் மீண்டும் அடுக்கினால் வீடு எழுந்துவிடும். இம்முறை வடபுலத்தில் தோன்றியதற்கு நாட்டுப்பற்று மட்டுமன்றி, அந்நிலத்தின் கட்டுமானப் பொருளும் காரணம் எனலாம்.

தட்சிணசித்ரா: மரமும் மண்ணும்

1984இல் தெபோரா தியாகராஜன் நிறுவிய மெட்ராஸ் கிராஃப்ட் பவுண்டேஷன், சென்னைக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில், ஏறத்தாழ 10 ஏக்கர் பரப்பில் அமைந்த தட்சிணசித்ராவை 1996 டிசம்பரில் திறந்தது. வளாக வடிவமைப்பில் லாரி பேக்கரின் பங்கு உண்டு. செட்டிநாட்டு வணிகர் வீடு, கேரளத்துப் புதுப்பள்ளியின் சிரியன் கிறித்தவர் வீடு, கர்நாடகத்து இல்கல் நெசவாளர் வீடு முதலியன இங்கு உள்ளன.

தேக்குத் தூண், உத்திரம், நிலை, கதவு ஆகியவற்றைக் கழற்றிக் கொணரலாம். மண்சுவரை இடித்தால் எஞ்சுவது மண்ணே. எனவே அத்தகைய வீட்டை முன்மாதிரி கொண்டு புதிதாகவே எழுப்ப வேண்டும். முதலாவதில் பொருள் பழையது. இரண்டாவதில் கைத்திறன் மட்டுமே பழையது. மரம் மிகுந்த வீடு பெரும்பாலும் வசதி படைத்தோருடையது. உழுகூலியின் குடிசை மண்ணாலும் கீற்றாலும் ஆனது. ஆகவே கட்டுமானப் பொருளின் தன்மை, எவருடைய வீடு மூலவடிவில் எஞ்சும் என்பதையும் முடிவுசெய்துவிடுகிறது.

இடம்பெயர்வின் இழப்பு

நினைவுச்சின்னத்தை அதன் சூழலிலிருந்து பிரிக்கலாகாது, காப்பாற்ற வேறு வழியில்லாத நிலை போன்ற தவிர்க்கவியலாக் காரணங்களுக்காக மட்டுமே பெயர்க்கலாம் என்பது 1964ஆம் ஆண்டு வெனிஸ் சாசனத்தின் நிலைப்பாடு. செட்டிநாட்டில் இடிக்கப்படும் வீடுகளின் தூண்களும் கதவுகளும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் தனித்தனியே விலைபோகின்றன. இந்நிலையில் ஒரு வீட்டை முழுமையாகப் பெயர்ப்பது காத்தலே ஆகும்.

எனினும் ஓர் இழப்பு உண்டு. தட்சிணசித்ராவில் அக்கிரகார வீட்டிலிருந்து குயவர் வீட்டிற்குச் சிறிது தொலைவே. ஊரில் அத்தொலைவைச் சாதி அளந்தது. திண்ணைவரை யார் வரலாம், நடையைக் கடந்து யார் செல்லலாம் என்பதற்கு எழுதப்படாத விதிகள் இருந்தன. இன்று நுழைவுச்சீட்டுப் பெற்ற எவரும் எல்லா வாசல்களையும் கடக்கலாம். இது நிகழ்காலத்தின் பேறு. ஆனால் கடந்தகாலம் இவ்வாறு இருந்ததாகக் காண்போர் கருதிவிடக்கூடாது.

முடிவுரை

திறந்தவெளி அருங்காட்சியகம் வீட்டைக் காக்கிறது, ஊரைக் காப்பதில்லை. இக்குறையை ஆவணத்தால் ஓரளவு ஈடுசெய்யலாம். பெயர்க்கப்படும் வீடு நின்ற தெரு, நோக்கிய திசை, நீரெடுத்த குளம், அதனுள் நுழைய உரிமை பெற்றோர், மறுக்கப்பட்டோர் ஆகிய விவரங்கள் வீட்டுடனேயே காட்சிப்படுத்தப்பட வேண்டும். கீற்றுக்கூரை சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றி வேயப்பட்டே நிலைத்துவந்தது. அங்கு மரபு என்பது வேய்பவரின் கையறிவே. ஆதலால் மண்சுவர் வைப்போரும் கூரை வேய்வோரும் வாழும் காலத்திலேயே அவர்தம் தொழிலறிவைப் பதிவுசெய்தல், தேக்குத் தூண்களைக் காப்பதற்கு நிகரான கடமையாகும்.